ஆடையும் ஆணையும்

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே செல்லும் பெருவீதி உப்புவெளியைக் கடந்து, சாம்பல்தீவு வழியாக நிலாவெளிக்கும் குச்சவெளிக்கும் செல்கின்றது. இவ்வீதியை அடுத்த ஊர்களிலே சைவரும் முஸ்லிம்களும் கிறித்தவரும் அண்டை அயலாராய் வாழ்கின்றனர். அவர்க்கு மொழி ஒன்று; கடல் ஒன்று; சந்தையும் ஒன்று. காலையில் நகரத்துப் பாடசாலைகளை நோக்கிச் செல்லும் பேருந்திலே சேலை உடுத்த ஆசிரியையும் அபாயா அணிந்த ஆசிரியையும் அருகருகே அமர்ந்து செல்வது புதுமையன்று. ஒரே பேருந்தில் வந்தோர் பாடசாலை வாயிலிலே எதிரெதிராக நிற்க நேர்ந்தது எவ்வாறு, அதில் நியாயம் எப்பக்கத்தது என்பனவே ஈண்டு ஆராயப்படுகின்றன.

2018ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் திருகோணமலை ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியிற் கற்பித்த முஸ்லிம் ஆசிரியைகள் சிலர் அபாயா அணிந்து வந்தனர். கல்லூரியின் வழக்கப்படி சேலை உடுத்தே வரல் வேண்டும் எனக் கூறப்பட்டது. பெற்றோரும் பழைய மாணவியரும் வாயிலிலே கூடி எதிர்ப்புத் தெரிவித்தனர். ஆசிரியைகள் வேறு பாடசாலைக்கு இடமாற்றப்பட்டனர். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு முறைப்பாட்டை விசாரித்து, அவ்வாசிரியைகள் தம் பண்பாட்டுடையுடன் அக்கல்லூரியிலேயே பணியாற்ற இடமளித்தல் வேண்டும் என 2019இல் விதந்துரைத்தது. அவர்களுள் ஒருவர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினார். அவ்வழக்கின் விளைவாக 2022 பெப்ரவரி 2ஆம் நாள் அவர் மீண்டும் கடமையேற்கச் சென்றபோது கல்லூரியிலே குழப்பம் மூண்டது. இரு தரப்பாரும் தாமே தாக்கப்பட்டதாக முறையிட்டனர். ஓர் ஆடையின்பொருட்டுத் தொடங்கிய வழக்கு ஈராண்டன்று, நான்காண்டு நீடித்தது.

கல்லூரியின் சார்பிற் கூறப்பட்ட நியாயங்களை எளிதில் ஒதுக்கிவிடல் தகாது. முதலாவது, மரபு பற்றியது. அக்கல்லூரி 1923இல் தோன்றியது. பெண்கல்வி பெரும்பாலும் மிஷன் பாடசாலைகளின் வழியாகவே கிடைத்த காலம் அது. தம் மகளிர் சமயம் இழவாது கல்வி பெறல் வேண்டும் எனச் சைவப் பெருமக்கள் தம் கைப்பொருளைக் கொடுத்து இத்தகைய கல்லூரிகளை எழுப்பினர். அம்மரபு போற்றத்தக்கதே. ஆயினும் 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளுட் பெரும்பாலானவை அரசின் கைக்கு வந்தன. இன்று இத்தகைய கல்லூரிகளில் ஆசிரியரை நியமிப்பது அரசு. ஊதியம் அளிப்பது எல்லாச் சமயத்தாரும் செலுத்தும் வரிப்பணம். காலை வழிபாடு, நவராத்திரி விழா, மாணவியரின் சீருடை ஆகியவற்றை மரபின் பெயரால் கல்லூரி பேணலாம். அங்குப் பணிபுரியும் பிற சமயத்தார் அவற்றை மதித்தல் வேண்டும் எனக் கேட்டலும் முறையே. ஆனால், அரசு அனுப்பிய ஆசிரியை தன் சமயம் விதித்ததாகக் கருதும் உடையைக் களைந்தே வரல் வேண்டும் என்பது மரபைப் பேணுதலன்று; பிறர் மனச்சான்றின் மீது ஆணை செலுத்துதலாகும்.

இரண்டாவது நியாயம், சேலை சமயச் சின்னமன்று, ஆசிரியைக்குரிய பொது உடை என்பது. கிழக்கிலங்கை முஸ்லிம் பெண்டிரும் நெடுங்காலம் சேலையின் தலைப்பால் முக்காடிட்டே வாழ்ந்தனர் என்பதும், அபாயா அண்மைப் பத்தாண்டுகளிலே பரவியது என்பதும் மெய்யே. எனினும் ஒரு வழக்கம் புதியது என்பதனால் அதனைக் கைக்கொள்வோரின் நம்பிக்கை பொய்யாகிவிடாது. சமயங்கள் யாவும் காலந்தோறும் புதிய ஒழுக்கங்களை மேற்கொண்டே வளர்ந்தன. மேலும் இவ்வாதத்தினுள்ளே ஒரு முரண் கிடக்கின்றது. அபாயாவை மறுக்கும்போது சேலை எல்லோர்க்கும் பொதுவான உடை எனப்படுகின்றது. சேலையை வற்புறுத்தும்போதோ அது இந்துப் பண்பாட்டின் அடையாளம் எனப்படுகின்றது. பொதுவுடையாயின் அதனை விடுவதாற் பண்பாடு கெடாது. சமய அடையாளமாயின் அதனைப் பிற சமயத்தார் மீது சுமத்தல் தகாது. இரண்டையும் ஒருங்கே கூறல் இயலாது. 2022இன் இறுதியிலே பொருளாதார நெருக்கடியின் நடுவே ஆசிரியைகள் சிலர், சமய வேறுபாடு பற்றியன்றி வசதி பற்றியே, சேலையல்லாத எளிய உடையில் வர முற்பட்டனர் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

மூன்றாவது நியாயம் வெளிப்படையாகச் சொல்லப்படாதது. ஆயினும் ஏனையவற்றினும் வலியது. அஃது அச்சம். போரினாலும் இடப்பெயர்வினாலும் நிலமும் உயிரும் இழந்த தமிழ் மக்களுக்கு, எஞ்சிய நிறுவனங்களே தம் அடையாளத்தின் அரண் எனத் தோன்றுவது இயல்பே. அவ்வச்சத்தை எள்ளி நகையாடுதல் அறமன்று. ஆனால் ஒரு சமூகத்தின் வரலாற்றுத் துயரத்துக்குரிய விலையை, கணக்கோ விஞ்ஞானமோ கற்பிக்க வந்த ஓர் ஆசிரியை செலுத்துதல் நீதியாகாது. அவரும் அதே நாட்டில், அதே போரினால் அலைக்கழிந்த மற்றொரு சிறுபான்மையைச் சேர்ந்தவரே.

உலக நாடுகளிலும் இவ்வாறே தடைகள் உள எனப் பலர் பிரான்சைச் சான்று காட்டுவர். அந்நாட்டின் நிலையை உள்ளவாறு நோக்குதல் நன்று. பிரான்சு 1905இல் அரசையும் திருச்சபையையும் சட்டத்தாற் பிரித்தது. 1989இல் கிரெய் என்னும் ஊரிலே முக்காடிட்ட மூன்று மாணவியர் பாடசாலையினின்று விலக்கப்பட்டதிலிருந்து இவ்விவாதம் வளர்ந்தது. 2004 மார்ச்சு 15ஆம் நாட் சட்டம், சமயச் சார்பை வெளிப்படையாகக் காட்டும் சின்னங்களை மாணவர் அரச பாடசாலைகளில் அணியலாகாது என்றது. 2010இன் சட்டம் பொதுவிடங்களில் முகத்தை மறைத்தலைத் தடுத்தது. 2023இல் அபாயாவும் பாடசாலைகளில் விலக்கப்பட்டது. இத்தடைகள் முஸ்லிம் மகளிரையே பெரிதும் தாக்கின என்னும் குறை மெய்யானது. எனினும் அங்குள்ள கொள்கை யாது? அரச பாடசாலையில் எச்சமயமும் இல்லை என்பதே. அங்கே ஆசிரியர் எச்சமயச் சின்னமும் அணிதலாகாது. வகுப்பறையிலே சிலுவையும் இல்லை. அக்கொள்கையை இந்துக் கல்லூரிக்குக் கொணரின் கலைமகள் படமும், காலைத் தேவாரமும், ஆசிரியரின் திருநீறும் உடன் வெளியேறும். ஆதலின், அபாயாவைத் தடுக்கப் பிரான்சைத் துணைக்கழைப்போர் முதலில் தம் நெற்றியைத் தடவிப் பார்த்தல் வேண்டும். ஒரு சமயத்துக்கு மட்டும் பூட்டும் கதவைச் சமயச்சார்பின்மை எனல் சொற்பிழை.

சேர்மனியின் அனுபவம் இதனினும் பயனுடையது. ஆசிரியையின் முக்காடு பற்றி அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2003இலும் 2015இலும் ஆராய்ந்தது. தீங்கு நேரலாம் என்னும் பொதுவான ஐயத்தின் பேரில் முற்றாகத் தடுத்தல் கூடாது; பாடசாலையின் அமைதிக்கு மெய்யான இடர் இருப்பின் மட்டுமே கட்டுப்படுத்தலாம் எனப் பின்னைய தீர்ப்பு கூறிற்று. இவ்வளவுகோலைத் திருகோணமலைக்கு இட்டுப் பார்ப்பின், அமைதியைக் குலைத்தது ஆடையன்று, ஆடையைக் கண்டு எழுந்த ஆரவாரமே என்பது புலனாகும். இந்தியாவிலே கர்நாடக அரசு 2022 பெப்ரவரியிற் பிறப்பித்த ஆணையை அம்மாநில உயர் நீதிமன்றம் ஏற்றது. அவ்வாண்டு ஒக்டோபரிலே இந்திய உச்ச நீதிமன்ற நீதியரசர் இருவரும் தம்முள் மாறுபட்டனர். பெண் பிள்ளை பாடசாலைக்கு வருதலே முதன்மையானது என்னும் கருத்தை அவருள் ஒருவர் வற்புறுத்தினார்.

இலங்கையோ பிரான்சைப் போன்ற சமயச்சார்பற்ற நாடன்று. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, ஒன்பதாம் உறுப்புரையிற் பௌத்தத்துக்கு முதன்மை அளிக்கின்றது. அதனோடு, பத்தாம் உறுப்புரையில் மனச்சான்றின் சுதந்திரத்தையும், பதினான்காம் உறுப்புரையிற் சமயத்தை வழிபாட்டாலும் ஒழுக்கத்தாலும் வெளிப்படுத்தும் உரிமையையும் உறுதி செய்கின்றது. இவ்வுறுப்புரைகளே இந்நாட்டில் இந்துக்களுக்கும் அரண். தமக்கு வேண்டும்போது ஓதி, பிறர்க்கு வேண்டும்போது மூடிவைக்கும் ஏடாக அவற்றைக் கொள்ளல் இயலாது.

முகத்தை மறைத்தல் வேறு, தலையையும் உடலையும் மறைத்தல் வேறு என்பதையும் பிரித்தறிதல் வேண்டும். 2019 ஏப்பிரல் 21ஆம் நாள் உயிர்த்த ஞாயிறன்று நிகழ்ந்த கொடிய குண்டுவெடிப்புகளின் பின்னர், அவசரகால ஒழுங்குவிதிகளால் முகமறைப்பு நாடெங்கும் தடுக்கப்பட்டது. ஆளை இனங்காணல் பாதுகாப்புக்கு இன்றியமையாததாகும் வேளையில் அத்தடைக்கு ஒரு காரணம் உண்டு. அவசரகாலம் அவ்வாண்டு ஓகத்திலே முடிய அதுவும் முடிந்தது. 2021இல் அதனை நிலையான சட்டமாக்க அமைச்சரவை இசைந்தும் அது சட்டமாகவில்லை. ஆனால் முகமறைப்பைப் பற்றிய அச்சம் முகத்தை மறைக்காத அபாயாவின் மீதும் படிந்தது. அரச பணிமகளிர் சேலையே உடுத்தல் வேண்டும் என 2019 மேயில் வந்த சுற்றறிக்கை எதிர்ப்பின் பின் திருத்தப்பட்டது. 2024இலே, காதை மறைத்திருந்தனர் என்னும் காரணத்தால் திருகோணமலை சாஹிராக் கல்லூரி மாணவியர் எழுபதின்மரின் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் நிறுத்தப்பட்டுப் பின்னரே வெளியாயின. களவாக ஒலிக்கருவி வைத்திருத்தலைத் தடுப்பது பரீட்சைத் திணைக்களத்தின் கடமையே. அதற்குரிய வழி, பரீட்சை தொடங்கு முன்னரே பெண் உத்தியோகத்தரைக் கொண்டு சோதித்தலாகும். ஆண்டுகள் பல உழைத்த மாணவியரைப் பெறுபேறின்றி ஏங்கவைத்தலன்று.

இலங்கைக்கு இத்தகைய வழக்குப் புதியதுமன்று. 1905இல் அப்துல் காதர் என்னும் வழக்கறிஞர் துருக்கித் தொப்பியுடன் வழக்காட முற்பட்டபோது பிரதம நீதியரசர் லேயாட் அதனை மறுத்தார். அவ்வாண்டு திசெம்பர் 31ஆம் நாள் முஸ்லிம்கள் மருதானைப் பள்ளிவாசலிற் பெருங்கூட்டமாகத் திரண்டனர். பின்னர் அத்தடை தளர்ந்தது. அதற்கும் முன்னர், யாழ்ப்பாணத்து மிஷன் ஆங்கிலப் பாடசாலையிலே திருநீறணிந்து சென்ற சைவ மாணவர் வெளியேற்றப்பட்டனர். ஆறுமுக நாவலர் 1872இல் வண்ணார்பண்ணையில் ஆங்கிலப் பாடசாலை ஒன்றை நிறுவியதற்கு அந்நிகழ்ச்சியும் ஒரு காரணமாயிற்று. அன்று மிஷனரிமாரும் தம் நிறுவனத்தின் மரபையே காரணமாகக் கூறியிருத்தல் கூடும். நெற்றியிலுள்ள நீற்றை அழித்தாலன்றிக் கல்வி இல்லை என்ற வாயிலிலிருந்து திரும்பியோர் வழிவந்ததே சைவக் கல்வி இயக்கம். அவ்வியக்கத்தின் பயனாய் எழுந்த வாயிலிலே மற்றொருவர் திருப்பி அனுப்பப்படுதல், அக்கல்லூரிகளை நிறுவியோரின் நோக்கத்துக்கே மாறானது. மரபைக் காத்தோம் என்போர் அம்மரபு பிறந்த காரணத்தை மறந்தவராவர்.

இவ்வளவு கூறியதனால் மறுபக்கத்துக்குக் கடமை இல்லை என்பது கருத்தன்று. ஆடை பெண்ணின் தெரிவு எனில், அணிய மறுக்கும் முஸ்லிம் பெண்ணுக்கும் அவ்வுரிமை உண்டு. சேலையும் முக்காடுமாகச் செல்லும் ஆசிரியையைத் தன் ஊரார் குறைகூறுவராயின், அபாயாவுக்காக எழுப்பிய உரிமைக்குரல் வலுவிழக்கும். ஈரானிலே 1936இல் அரசு முக்காட்டைத் தடைசெய்து களையச் செய்தது. 1979இன் புரட்சிக்குப் பின் வந்த அரசோ அதனை அணியுமாறு வற்புறுத்தியது. ஆணை மாறிற்று, ஆணையிடுவோர் மாறினர், பெண்ணின் விருப்பம் இரு காலத்தும் கேட்கப்படவில்லை. களையச் செய்யும் சட்டமும் அணியச் செய்யும் கட்டளையும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

ஆகவே ஆடை பற்றிய எந்த ஆணைக்கும் மூன்று வினாக்கள் விடுக்கப்படல் வேண்டும். அதனால் தடுக்கப்படும் தீங்கு யாது? அத்தீங்கைத் தடுக்க இதனினும் மெல்லிய வழி இல்லையா? எல்லாச் சமயத்தார்க்கும் அது ஒப்பப் பொருந்துமா? திருகோணமலையிற் கூறப்பட்ட விதி இம்மூன்றனுள் ஒன்றுக்கேனும் நிறைவான விடை தரவில்லை. பொட்டும் திருநீறும் அணிந்த தமிழாசிரியை முஸ்லிம் பாடசாலையிற் கற்பிக்கச் செல்லுங்கால் அவற்றை அழித்து வருமாறு கேட்டல் தகாது என்பதில் இந்து சமூகத்தார்க்கு ஐயமில்லை. அவ்வுறுதியையே அபாயா அணிந்த ஆசிரியைக்கும் அளித்தல் சலுகையன்று. தமக்கு வேண்டும் நீதியைப் பிறர்க்கும் வழங்குதலே. மாலையில் இரு ஆசிரியைகளும் சாம்பல்தீவு வழியே ஒரே பேருந்தில் வீடு திரும்ப வேண்டியவர்கள். அவர்தம் மாணவியர் வகுப்பறையிற் கற்கும் பாடங்களுள் அதுவும் ஒன்றாகுக.