சீண்டிப் பார்க்கும் சோதனை

லினக்ஸ்சிஎன்சி ஓடும் பட்டறைக் கணினியில் லேட்டன்சி டெஸ்ட் என்று ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அதை ரசிக்காமல் இருக்க முடியாது. 1990களில் அமெரிக்காவின் என்ஐஎஸ்டி ஆய்வு நிறுவனத்தில் முளைத்த மென்பொருளின் வழிவந்தது லினக்ஸ்சிஎன்சி. பழைய மேசைக் கணினியையே மில்லிங் மெஷினுக்கு எஜமானாக்கிவிடும். ஆனால் எஜமான் நேரம் தவறக் கூடாது.

தவறுகிறானா என்று பார்க்க அவனைச் சீண்ட வேண்டும். ஜிஎல்எக்ஸ்கியர்ஸ் நிரலைத் திறந்து திரையில் பல்சக்கரங்களைச் சுழலவிடலாம், ஜன்னல்களை இழுத்து ஆட்டலாம், பெரிய கோப்பை நகலெடுக்கலாம். அதிகபட்சத் தடுமாற்றம் நானோ விநாடியில் ஏறிக்கொண்டே போகும். பேரலல் போர்ட் வழியே ஸ்டெப்பர் மோட்டாரை ஓட்ட, 20,000க்குள் நின்றால் அருமை; 50,000 வரை சமாளிக்கலாம்; லட்சத்தைத் தொட்டால் வேறு கணினிதான். புது மடிக்கணினிகள் இதில் கோட்டைவிடுவதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் அற்பச் சந்தோஷம்.

குற்றவாளி பெரும்பாலும் பயாஸில் ஒளிந்திருப்பான்: மின்சிக்கன ஏற்பாடு, ஹைப்பர்த்ரெடிங். ஒவ்வொன்றாக அணைத்து, மறுபடி சீண்ட வேண்டும். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் மாற்றினால் எது குணமாக்கியது என்றே தெரியாது.

இன்னும் ருசி வேண்டுமென்றால் ஹால்ஸ்கோப். மென்பொருளுக்குள்ளேயே ஓர் ஆசிலாஸ்கோப்! அச்சு போகவேண்டிய இடத்தையும் போன இடத்தையும் இரு கோடுகளாக வரைந்துகாட்டும். சர்வோ பின்தங்கும்போது கோடுகள் விலகுவது அப்பட்டமாகத் தெரியும். அதன்பின் டியூனிங்கைக் கண்ணால் பார்த்தே செய்யலாம்.