உழவர் வீடும் உரிமையும்

மட்டக்களப்பின் கட்டடக்கலையைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் கோட்டையிலிருந்தே தொடங்குவர். 1628இல் போர்த்துக்கேயர் கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். அடுத்துக் கொக்கட்டிச்சோலை, மண்டூர் முதலிய கோயில்களின் பெருமை வரும். அத்தோடு வரலாறு முடிந்துவிடும். வாவியின் இரு கரைகளிலும் தலைமுறை தலைமுறையாக நெல் விளைவித்த மக்கள் எத்தகைய வீட்டில் வாழ்ந்தனர் என்ற வினா எழுவதேயில்லை. எழுப்பினாலும், “மண்ணும் ஓலையுந்தானே, அதற்கேது வரலாறு?” என்ற விடையே கிடைக்கும். அவ்விடை தவறானது, அதனால் விளையும் தீங்கும் சிறிதன்று.

பிற நாட்டார் இவ்வாறு கருதவில்லை. இங்கிலாந்தின் கென்ற் பகுதியில், 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த ‘பேலீஃப்’ என்னும் உழவர் வீடு ஒன்று இருந்தது. ஓக்கு மரச் சட்டமே அதன் எலும்புக்கூடு. இடையிலுள்ள சுவர் வெறும் நிரப்பு. நடுக்கூடத்தில் அடுப்பெரியும், புகைபோக்கி இல்லை, புகை கூரை வழியே வெளியேறும். நீர்த்தேக்கம் ஒன்றுக்காக அவ்வீட்டை அகற்ற வேண்டி வந்தபோது, 1960களின் இறுதியில் அதனைப் பகுதி பகுதியாகக் கழற்றிச் சசெக்ஸிலுள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மீண்டும் நிறுத்தினர். மன்னன் வாழ்ந்த மாளிகையன்று அது. வசதிபடைத்த ஓர் உழவன் வாழ்ந்த வீடு. ஒரு காலத்தின் உழைப்பும் குடும்ப வாழ்வும் அதன் மரங்களிற் பதிந்திருப்பதாலேயே அது காக்கப்பட்டது.

நமது மண்வீட்டின் அடிப்படையும் அதுவே. நிலத்தில் நட்ட மரக் கப்புகளே பாரத்தைத் தாங்குகின்றன. அவற்றின்மீது வளை, வளைமீது கைமரம், அதன்மேல் கிடுகோ வைக்கோலோ வேய்ந்த கூரை. வரிச்சுக் கட்டி மண் அப்பிய சுவர் கூரையைச் சுமப்பதில்லை. காற்றையும் பார்வையையும் மறைப்பதே அதன் தொழில். பாலை, முதிரை போன்ற வன்மரங்களைத் தந்த காடும், களிமண்ணைத் தந்த வயலும் இவ்வீட்டின் பிறப்பிடங்கள்.

ஆயினும் ஐந்நூறு ஆண்டு பழைமையான மண்வீட்டை இங்கே காட்ட முடியாது. கறையான் உண்டது, மாரி கரைத்தது, 1978 நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி எஞ்சியவற்றையும் சாய்த்தது. எனவே நம் வீட்டின் தொன்மையை மரத்தின் வயதில் தேடுதல் வீண். கப்பு உக்கினால் மாற்றுவர். கூரை நைந்தால் மீள வேய்வர். பொருள் அழிய, முறை நிலைத்தது. அம்முறையோடு சேர்ந்து நிலைத்தது மற்றொன்று, அதுதான் உரிமை.

இப்பகுதியில் வீடு பெண்ணுடையது. மூத்த மகளுக்கு மணமானதும் பெற்றோர் வீட்டை அவளுக்கு அளித்துவிட்டு, மற்றப் பிள்ளைகளோடு அருகே வேறு வீட்டுக்குப் பெயர்வர். மருமகனே மனைவியின் வீட்டுக்கு வருவான். இவ்வாறு ஒரே வளவிலும் அயலிலும் தாயும் சகோதரிகளும் சூழ்ந்து வாழ்வர். கட்டடங்களின் வரிசையே ஒரு குடும்பத்தின் மணங்களின் வரிசையாக அமைகிறது. இவ்வழக்கு தமிழருக்கு மட்டும் உரியதன்று. இங்குள்ள முஸ்லிம்களிடமும் உண்டு. முக்குவர் சட்டம் பற்றிய பிரிற்றோவின் நூல் 1876இல் வெளிவந்தது. அதே ஆண்டில் வந்த 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அத்தாய்வழிச் சட்டத்தின் இடத்தைப் பறித்துக்கொண்டது. சட்டம் போயினும் வழக்கம் சீதன உறுதியில் உயிர்பிழைத்தது.

இதனைப் பொற்காலமெனப் போற்றுவதற்கும் நான் உடன்படேன். போடியாரின் ஓட்டு வீடு எழுந்தது முல்லைக்காரனின் வியர்வையால். அவனுக்கு வாய்த்ததோ ஓலைக்குடில். மகளுக்கு வீடு கட்ட இயலாத ஏழையின் இல்லத்தில் திருமணமே தள்ளிப்போயிற்று. அக்காவுக்கும் தங்கைக்கும் வீடெழுப்பத் தம் இளமையைத் தேய்த்த அண்ணன் தம்பியர் எத்தனை பேர்! இன்றும் அச்சுமை இறங்கவில்லை. ஆனால் சுமையைக் கண்டிப்பது வேறு. பெண்ணின் உரிமையைப் பறிப்பது வேறு.

பறிப்பு நிகழவே செய்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், அரசு வழங்கிய காணியின் வாரிசு வரிசையில் ஆணையே முன்னிறுத்தியது. 2022இல்தான் அது திருத்தப்பட்டது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கரையோர வீடுகளை வாரிச் சென்றபின், புதிய வீடுகள் வந்தன. படிவங்களில் ‘குடும்பத் தலைவர்’ என்றொரு கட்டம் இருந்தது. அதிற் பெரும்பாலும் கணவன் பெயரே ஏறியது. தாய் தந்த வளவில் வாழ்ந்தவள், நிவாரணமாக வந்த வீட்டில் கணவனின் பெயருக்குள் குடிபுகுந்தாள். படிவம் எழுதியவர் கொடியவரல்லர். இந்த வீட்டுக்கு ஒரு வரலாறு உண்டென்பதை அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை. கோட்டையின் வரலாற்றை மட்டும் எழுதியவர்களுக்கு இப்பிழையில் பங்கில்லையா?

ஆசிரியர்களாகிய நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் எஞ்சியுள்ள பழைய வீடுகளை மாணவர் அளந்து வரையட்டும். வளைக்கும் வரிச்சுக்கும் முதியோர் வழங்கும் பெயர்களை ஏட்டிற் குறிக்கட்டும். ஒவ்வொரு வீடும் எந்தத் தாயிடமிருந்து எந்த மகளுக்கு வந்ததென்று பாட்டிமாரிடம் கேட்டு எழுதட்டும். அடுத்த வெள்ளமோ புயலோ வரும்போது, புதிய வீட்டின் உறுதியில் யார் பெயரை எழுதுவதென்பதற்கு அந்த ஏடு சான்றாக நிற்கும்.