விட்டால் மட்டும் போதுமா?

2006 மே மாதம். புளோரிடாவின் மேற்குக் கரையில் உள்ள போகா கிராண்ட் கடல்வாயில் ஒரு கொம்பன் சுறா தூண்டிலில் சிக்கியது. சம்மட்டியைக் குறுக்கே வைத்ததுபோல் தலை அகன்ற இனம் அது. மணிக்கணக்காகப் படகோடு மல்லுக்கட்டிய பிறகே அடங்கியது. கரையில் நிறுத்தபோது தராசு காட்டியது 1,280 பவுண்டு, சுமார் 580 கிலோ. 1982 முதல் அசையாமல் நின்றிருந்த 991 பவுண்டு உலகச் சாதனை அன்றோடு போயிற்று. உடலைப் பெற்றுக்கொண்ட மோட் கடல் ஆய்வகத்தார் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே 55 குட்டிகள் இருந்தன.

சாதனை எடையில் அந்தக் குட்டிகளின் எடையும் சேர்த்தி.

அன்றைக்கு அது சட்டமீறல் இல்லை. கொம்பன் சுறாவையும் புலிச்சுறாவையும் கொல்லவோ கரைக்குக் கொண்டுவரவோ கூடாது என்று புளோரிடா தன் கடற்பகுதியில் தடை விதித்தது 2012 ஜனவரியில்தான். அதற்குள் பொழுதுபோக்கு மீன்பிடிப்பாளர்களின் பேச்சும் மாறியிருந்தது. ‘பெரிய சுறாவை வைத்துக்கொள்ளாதே, விட்டுவிடு’ என்பதே நல்லவர்களின் இலக்கணம் என்றாயிற்று. இது பெரிய முன்னேற்றம். ஆனால் ‘வைப்பதா, விடுவதா’ என்ற கேள்வி சுறா படகருகே வந்த பிறகு எழுவது. சுறா பிழைக்குமா சாகுமா என்பது பெரும்பாலும் அதற்கு முன்பே, எந்த இனத்தை நோக்கி, எந்தக் கருவியோடு, எவ்வளவு நேரத்துக்குத் தூண்டில் போடுகிறோம் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது.

பெருஞ்சுறாவைக் கொன்று தொங்கவிடும் பழக்கத்துக்கு ஒரு தலைநகர் உண்டென்றால், அது நியூயார்க் மாநிலத்தின் கிழக்குக் கோடியில் உள்ள மான்டாக். ஃபிராங்க் மண்டஸ் என்ற படகோட்டி அங்கே ‘அரக்கர் வேட்டை’ என்று விளம்பரம் செய்து வாடகைப் படகு ஓட்டினார். 1964இல் அவர் ஈட்டியெறிந்து பிடித்த பெருவெள்ளைச் சுறாவின் எடை 4,500 பவுண்டு என்று மதிப்பிட்டார்கள். 1986இல் அவரது படகில் தூண்டிலாலேயே பிடிபட்ட இன்னொன்று 3,427 பவுண்டு. 1975இல் ‘ஜாஸ்’ திரைப்படம் வந்ததும் சுறாவைக் கொல்வது வீரம், ஊருக்குச் செய்யும் உபகாரம் என்ற எண்ணம் அமெரிக்கக் கரையெங்கும் பரவியது. மூலக்கதையை எழுதிய பீட்டர் பெஞ்ச்லி பின்னாளில் சுறாப் பாதுகாப்புக்காகப் பேசுவதையே தொழிலாக்கிக்கொண்டார். மண்டஸும் 2008இல் இறப்பதற்கு முன், சுறாவின் குடலைக் கிழிக்காத வட்டமுள்ளைப் பயன்படுத்தும்படி மற்றவர்களிடம் வலியுறுத்தினார். வேட்டையை நன்கறிந்த மனிதர் ஒருவரே இப்படி மாறினார் என்பது, வெளியிலிருந்து வரும் கண்டனங்கள் பலவற்றைவிடக் கனமான சாட்சி.

இந்தப் பழக்கத்தை நிலைக்க வைத்ததில் சாதனை ஏட்டுக்கும் பங்குண்டு. 1939இல் தொடங்கிய பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கம் எடையை வைத்தே சாதனைகளைப் பதிகிறது. எடையை நிலத்தில், சான்றளித்த தராசில் காட்ட வேண்டும். 500 கிலோ சுறாவை உயிரோடு கரையேற்றி நிறுத்துத் திரும்பவும் நீந்தவிட முடியாது. எனவே சாதனைக்கு மனுப்போடுவது என்றால் கொல்வது என்றே பொருள். தெற்கு ஆஸ்திரேலியாவின் செடுனாவில் 1959இல் ஆல்ஃப் டீன் பிடித்த 2,664 பவுண்டுப் பெருவெள்ளைச் சுறா இன்றும் பட்டியலில் இருக்கிறது. அந்த இனத்தை ஆஸ்திரேலியா இப்போது சட்டத்தால் காக்கிறது. கடலில் மீனை அளந்துவிட்டு விட்டுவிட வழிசெய்யும் நீளச் சாதனைகளைச் சங்கம் 2011இல் தொடங்கியது. ஆனாலும் எடைப் பட்டியல் தொடர்ந்தது. அழியும் நிலையில் உள்ள இனங்களுக்காவது எடைச் சாதனையை நிறுத்துங்கள் என்று டேவிட் ஷிஃப்மன் உள்ளிட்ட கடலியலாளர்கள் 2014இல் வெளிப்படையாகவே கேட்டார்கள். அப்போதைய பட்டியலில் அப்படி 85 இனங்கள் இருந்தன என்பது அவர்கள் எடுத்த கணக்கு.

‘வருஷத்துக்கு ஒன்றிரண்டு பெருஞ்சுறா போனால் கடல் வற்றிவிடுமா?’ என்பது வேட்டைக்காரர்களின் வழக்கமான கேள்வி. தொழில்முறைக் கப்பல்கள் ஆயிரங்கால் தூண்டிலால் வாரிக்கொண்டு போவதோடு ஒப்பிட்டால் தங்கள் பங்கு சொற்பம் என்பார்கள். எண்ணிக்கையில் அது பெரும்பாலும் உண்மை. பெருங்கடல்களில் திரியும் சுறா, திருக்கை இனங்களின் எண்ணிக்கை 1970க்குப் பிறகு 71 விழுக்காடு சரிந்ததாக 2021இல் வந்த உலக அளவிலான ஆய்வு சொன்னபோது, முதன்மைக் காரணமாகக் காட்டியது மிகைப்பிடிப்பைத்தான். ஆனால் எத்தனை போயிற்று என்பதோடு எது போயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான சுறா இனங்களில் ஆணைவிடப் பெண் பெரியது. ஆகவே ஆகப் பெரிய சுறாவைத் தேடுகிறவர் கையில் கிடைப்பது வளர்ந்து முதிர்ந்த தாய்ச்சுறாவாகவே இருக்கும். முட்டைகளை லட்சக்கணக்கில் கொட்டும் மீன்களின் கணக்கு இங்கே செல்லாது. மேக்கோ சுறாவின் பெண் பருவமடைய ஏறக்குறைய 20 ஆண்டு ஆகிறது. கர்ப்பம் ஓராண்டைத் தாண்டும். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை ஈனும். அப்படிப்பட்ட ஒன்றை எடுத்தால் அதன் இடத்தை இன்னொன்று நிரப்பக் கால் நூற்றாண்டு வேண்டும்.

மேக்கோவின் கதையில் பொழுதுபோக்குத் தூண்டிலும் ஒரு பாத்திரம்தான். அமெரிக்கக் கிழக்குக் கரையில் சுவைக்காகவும் துள்ளலுக்காகவும் விரும்பிப் பிடித்த சுறா அது. வட அட்லாண்டிக்கில் அது மிகையாகப் பிடிக்கப்படுகிறது என்று 2017 மதிப்பீடு சொன்னதும், குறைந்தபட்ச நீளத்தை அமெரிக்கா 54 அங்குலத்திலிருந்து 83 அங்குலத்துக்கு உயர்த்தியது. பெண் மேக்கோ பருவமடைவது அதைவிடப் பெரிதான பிறகு. ஆக, அந்த உயர்ந்த எல்லையைத் தாண்டிய சுறாகூடத் தாயாகாமலே கரையேற இடம் இருந்தது. கடைசியில் 2022 ஜூலையில் ‘ஒன்றுகூட வைத்துக்கொள்ளக் கூடாது’ என்ற விதி வந்தது. அட்லாண்டிக் சூரை மீன்களை நிர்வகிக்கும் பன்னாட்டு ஆணையம் வட அட்லாண்டிக் மேக்கோ இருப்பு மீள்வதற்கு வைத்திருக்கும் இலக்கு ஆண்டு 2070.

வைத்துக்கொள்வதற்கு நேர்மையான நியாயமே கிடையாதா? உண்டு. சாப்பிடுவதற்காக, இருப்பு நன்றாக உள்ள இனத்தில், சிறியதாக ஒன்றை எடுப்பதில் பிழை காண முடியாது. மெக்சிகோ வளைகுடாவின் பிளாக்டிப் சுறா அப்படி ஓர் இனம். உணவுக்காக ஓர் உயிரை எடுப்பவர் குறைந்தபட்சம் தான் செய்வது இன்னதென்று அறிந்து செய்கிறார். பெருஞ்சுறாவுக்கு இந்த நியாயம் பொருந்தாது. சுறாவின் உடலில் யூரியா மிகுதி. பிடித்தவுடன் ரத்தம் வடித்துப் பனிக்கட்டியில் வைக்காவிட்டால் அம்மோனியா நாற்றம் அடிக்கும். அரை டன் மீனைப் படகில் அப்படிப் பதப்படுத்த யாராலும் முடிவதில்லை. வயதாக ஆகப் பாதரசமும் சேர்கிறது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தவிர்க்க வேண்டிய மீன்களில் சுறாவையும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சேர்த்திருக்கிறது. தராசில் தொங்கிய பெருஞ்சுறாவில் தட்டுக்கு வந்து சேர்வது கொஞ்சமே.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் ஆழ்கடலில் சுறாப் பிடிப்பதில் பேர்போனவர்கள். அவர்கள் பிடிப்பு பிழைப்பு. சுறாப்புட்டாகவும் கருவாடாகவும் அது வீடுகளுக்குப் போகிறது. அங்கும் இருப்பு குறையும் கவலை உண்டு, விதிகள் தேவை. ஆனால் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்காகக் கடலுக்குப் போகிறவரையும் ஞாயிற்றுக்கிழமை மகிழ்ச்சிக்காகப் போகிறவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி அறம் பேசுவது நியாயமில்லை. பொழுதுபோக்குக்கு மாற்று உண்டு. அதனாலேயே அதன் மீது விழும் பொறுப்பு கூடுதல்.

விடுவோரின் கட்சிக்கு வருவோம். அவர்களுக்குச் சுறாவியல் பெரிதும் கடன்பட்டிருக்கிறது. 1962இல் ஜாக் கேசி என்ற மீனியலாளர் நூறு பேர்கூட இல்லாத தொண்டர் குழுவோடு, பிடித்த சுறாவுக்கு அடையாளச் சீட்டு குத்தி விடும் திட்டத்தைத் தொடங்கினார். அது ஆயிரக்கணக்கான தூண்டில்காரர்களும் மீனவர்களும் சேர்ந்த கூட்டு முயற்சியாக வளர்ந்து, 50க்கு மேற்பட்ட இனங்களில் லட்சக்கணக்கான சுறாக்களுக்குச் சீட்டு குத்தியது. நீலச்சுறா அட்லாண்டிக்கைக் குறுக்கே கடக்கிறது என்பது போன்ற செய்திகள் இப்படிச் சேர்ந்தவை. ஆய்வுக் கப்பல்கள் மட்டும் இதைச் செய்திருக்க முடியாது. சுறாவைத் தொட்டுப் பழகியவர்கள் பலர் அதன் பாதுகாப்புக்குக் குரல் கொடுத்ததையும் மறுக்க இயலாது.

ஆனால் ‘விட்டேன், நீந்திப் போனது’ என்பது பிழைத்ததற்குச் சான்று ஆகாது. பல பெருஞ்சுறாக்கள் நீந்தினால்தான் செவுள் வழியே நீர் ஓடி மூச்சு கிடைக்கும். தூண்டிலில் போராடும்போது தசைகளில் லாக்டிக் அமிலம் ஏறுகிறது, ரத்தத்தின் தன்மை மாறுகிறது. நீருக்கு வெளியே இழுத்தால், உள்ளுறுப்புகளைத் தாங்க விலா எலும்பு இல்லாத உடல் தன் எடையாலேயே நசுங்குகிறது. கண்ணெதிரே நீந்திப் போகும் சுறா, பிடித்தவர் பார்வைக்கு எட்டாத ஆழத்தில் பிறகு இறக்கலாம்.

எல்லா இனமும் ஒன்றுபோல் இல்லை என்பதே இதில் மிக முக்கியமான செய்தி. மயாமி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பிடித்து விட்ட புலிச்சுறாக்கள் ஏறக்குறைய அனைத்தும் பிழைத்தன. கொம்பன் சுறாக்களில் பிழைத்தவை ஏறத்தாழப் பாதிதான். கொம்பன் தன் சக்தி முழுவதையும் கொட்டிப் போராடும் இனம். அந்தப் போராட்டத்துக்காகவே அதைத் தேடிப் போகிறார்கள், அதுவே அதைக் கொல்கிறது. கலிபோர்னியாவில் திரெஷர் சுறாவின் நிலைமை இன்னும் விசித்திரம். அது தன் நீண்ட வாலால் இரையை அடித்து வீழ்த்தும். ஆகவே முள் வாயில் மாட்டாமல் வாலில் மாட்டுகிறது. வாலைப் பிடித்துப் பின்னோக்கி இழுக்கும்போது செவுளில் நீர் ஓடாது. வாலில் மாட்டி விடப்பட்டவற்றில் நான்கில் ஒன்று இறந்ததாக 2010இல் வந்த ஆய்வு காட்டியது. முள்ளும் தூண்டில் நரம்பும் தொங்கியபடியே விட்டவற்றில் இறப்பு அதைவிட மிக அதிகம். இதற்கு மாறாக, ஆஸ்திரேலியாவில் பிடித்து விட்ட மேக்கோக்களில் பத்துக்கு ஒன்பது பிழைத்தன. ‘விடுவது’ என்று ஒரே பெயரிட்டு அழைக்கும் செயலுக்குள் இவ்வளவு வேறுபட்ட விளைவுகள் இருக்கின்றன.

கருவிகளும் நடைமுறையும் திருந்தினால் சாவு குறையும். முனை உட்புறம் வளைந்த வட்டமுள் பெரும்பாலும் வாயோரத்தில் மாட்டும், குடலுக்குள் போகாது. அமெரிக்க அட்லாண்டிக்கில் சுறாவுக்குத் தூண்டில் போடும் பொழுதுபோக்குப் படகுகளுக்கு 2018 முதல் பெரும்பகுதியில் அது கட்டாயம். 2019 ஜூலை முதல் புளோரிடாவில் கரையிலிருந்து சுறாப் பிடிப்பவர் பாடம் படித்து அனுமதி பெற வேண்டும். கரையிலிருந்து கடலில் இரைத்தூள் கொட்டி ஈர்க்கக் கூடாது. தடைசெய்த இனத்தின் செவுள் நீருக்குள்ளேயே இருக்க வேண்டும். நரம்பை வெட்டும் கருவி கையில் இருந்தாக வேண்டும். நல்ல விதிகள். குறிப்பாகச் செவுள் பற்றிய விதி, மணலில் கிடத்திச் சுறாவின் மேல் சாய்ந்து படமெடுக்கும் பழக்கத்தின் வேரில் கைவைக்கிறது. அந்தப் படம் வேண்டும் என்பதற்காக எத்தனையோ சுறாக்கள் கரையில் இழுபட்டிருக்கின்றன.

சுவிட்சர்லாந்து 2008இல் கொண்டுவந்த விலங்குப் பாதுகாப்பு விதிகள் வேறொரு பக்கத்திலிருந்து கேட்கின்றன. மீண்டும் விடும் நோக்கத்தோடு மீன் பிடிப்பதே அங்கே தடை. சாப்பிடாத மீனை எதற்காக வதைப்பது என்பது அதன் தர்க்கம். இதை முழுவதும் ஏற்றால் விடுவோர் கட்சி மொத்தமும் குற்றவாளிக் கூண்டில் நிற்கும். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அடையாளச் சீட்டுத் திட்டம் தந்த அறிவைக் கணக்கில் எடுத்தால், வதைக்கு ஈடாக ஏதோ கிடைத்திருக்கிறது. ஆனால் சீட்டும் இல்லாமல், ஆய்வும் இல்லாமல், படத்துக்காக மட்டும் ஒரு மணி நேரம் இழுத்து விடுபவரிடம் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

மாற்றம் முடியாதது அல்ல. ‘ஜாஸ்’ படமாக்கப்பட்ட மார்த்தாஸ் வின்யார்ட் தீவின் ஓக் பிளஃப்ஸ் ஊரில் 1987 முதல் ‘அரக்கச் சுறா’ப் போட்டி நடந்துவந்தது. துறைமுகத்தில் தொங்கும் சுறாவைப் பார்க்கக் கூட்டம் கூடும். 2013இல் ஊர்மக்கள் இனிப் பிடித்து விடுவதாக இருந்தால் மட்டும் நடத்தலாம் என்று வாக்களித்தார்கள். அடுத்த ஆண்டு போட்டி ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டுக்குப் போய்விட்டது. அதே 2013இல், வேட்டையின் தலைநகரான மான்டாக்கிலேயே வட்டமுள்ளோடும் செயற்கைக்கோள் கருவிகளோடும் ஒரு சுறாவையும் கொல்லாத போட்டி நடந்தது. பரிசும் கிடைத்தது, ஆய்வுக்குத் தரவும் கிடைத்தது.

இவ்வளவையும் எடைபோட்டால் தீர்ப்பு ஒன்றுதான். பெருஞ்சுறாவைச் சாதனைக்காகக் கொல்வதற்கு எந்த நியாயமும் எஞ்சவில்லை. மேக்கோ, புலிச்சுறா போன்று தாக்குப்பிடிக்கும் இனங்களைக் கனத்த கருவியால் விரைவாக வசப்படுத்தி, நீரிலேயே முள்ளை எடுத்து விடுவது ஏற்கத்தக்கது. சாப்பாட்டுக்குச் சிறிய பிளாக்டிப் ஒன்றை வைத்துக்கொள்பவர், கொம்பனை ஒரு மணி நேரம் போராட வைத்துப் படமெடுத்து விடுபவரைவிடக் கடலுக்குக் குறைந்த கேட்டையே செய்கிறார். கொம்பன் சுறா இன்று மிக அருகிய இனங்களின் பட்டியலில் இருக்கிறது. அதை வைத்துக்கொள்வதைத் தடுக்கும் புளோரிடாவின் சட்டம், அதைத் தேடிப் போய்ப் பிடித்து விடுவதைத் தடுக்கவில்லை. கொம்பனையும் திரெஷரையும் குறிவைத்துத் தூண்டில் போடுவதையே சட்டம் தடுக்க வேண்டும். அந்தச் சட்டம் வரும்வரை, வாடகைப் படகோட்டிகள் அத்தகைய பயணங்களுக்கு முன்பணம் வாங்க மறுக்க வேண்டும்.