போர்க்கால விமானப் படங்களும் படக்குறிப்புகளும்

தஞ்சையில் ஒரு பழம்படக் கண்காட்சியைக் காண நேர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தஞ்சையிலும் திருச்சியிலும் தங்கியிருந்த விமானப் படையினரின் படங்கள் சுவர் நிறைய மாட்டப்பட்டிருந்தன. அவற்றைத் தேடிச் சேர்த்தவர்களின் உழைப்பைப் பாராட்டத்தான் வேண்டும். குறை படங்களில் இல்லை. அவற்றின் கீழே ஒட்டப்பட்டிருந்த குறிப்புகளில் இருந்தது.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். அரைக்கால் சட்டை அணிந்த ஆறு விமான வீரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு விமானத்தின் உடற்பகுதியும் ஓர் எஞ்சினும் தெரிகின்றன. தொலைவில் பனைமரங்கள். கீழே இருந்த குறிப்பு இது: 'தஞ்சை விமானதளம், 1944. பர்மா மீது குண்டு வீசப் புறப்படும் லிபரேட்டர் விமானமும் அதன் வீரர்களும்.' ஒரே வரியில் இடம், ஆண்டு, விமானம், வேலை என நான்கு செய்திகள். நான்கையும் சோதித்துப் பார்க்க என்ன வழி?

விமானத்திலிருந்து தொடங்குவோம். போர்க் காலத்தில் விமானங்களை அடையாளம் காணப் பயிற்சி அளித்தவர்கள் இறக்கை, எஞ்சின், உடல், வால் என்ற வரிசையில் பார்க்கச் சொன்னார்கள். நம் படத்தில் வாலும் இல்லை, இறக்கையும் முழுதாக இல்லை. எஞ்சின் உருளைகள் வட்டமாக அமைந்த வகை. லிபரேட்டருக்கும் அதே வகைதான். எனவே எஞ்சினைக் கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. எஞ்சியது உடல். உருப்பெருக்காடி வைத்துப் பார்த்தால், வீரர்களின் தலைக்கு மேலே விமானத்தின் மேற்பரப்பில் மங்கலாகச் சாய்சதுரக் கட்டங்கள் தெரிகின்றன, மூங்கில் கூடையின் பின்னலைப் போல. லிபரேட்டரின் உடல் உலோகத் தகட்டால் ஆனது. பின்னிய உலோகச் சட்டத்தின் மேல் துணியைப் போர்த்திச் செய்த குண்டுவீச்சு விமானம் வெல்லிங்டன். பார்ன்ஸ் வாலிஸ் என்ற பொறியாளர் வகுத்த அமைப்பு அது. துணிக்கு அடியிலுள்ள பின்னல் வெளியே தடம் காட்டும். வீரர்கள் ஆறு பேர் என்பதும் வெல்லிங்டனுக்குப் பொருந்துகிறது. ஆனால் தரைப் பணியாளர்களும் படத்துக்கு வந்து நிற்பது வழக்கமாதலால், தலைக் கணக்கைத் துணைச் சான்றாக மட்டுமே கொள்ளலாம்.

விமானம் வெல்லிங்டன் என்றால் 'பர்மா மீது குண்டு வீச' என்பதும் ஆட்டம் காண்கிறது. தஞ்சை விமானதளம் 1940-இல் அமைந்தது. பிரிட்டிஷ் விமானப் படையின் 36-ஆம் ஸ்குவாட்ரன் 1942 அக்டோபரில் இங்கே புதிதாக உருவாக்கப்பட்டு வெல்லிங்டன்களைப் பெற்றது. 'புதிதாக' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. சிங்கப்பூரில் பழைய வில்டபீஸ்ட் இரட்டைத்தட்டு விமானங்களை வைத்திருந்த இதே ஸ்குவாட்ரன், 1942 ஜனவரி 26 அன்று எண்டாவ் கடற்கரையில் இறங்கிய ஜப்பானியரைத் தாக்கச் சென்று பெரும் இழப்பைச் சந்தித்தது. மிஞ்சியதும் ஜாவாவில் முடிந்துபோயிற்று. தஞ்சையில் மீண்டும் உருவானபோது அதற்குத் தரப்பட்ட வேலை வங்கக் கடலில் ரோந்து. 1943-ஆம் ஆண்டின் நடுவில் அது வட ஆப்பிரிக்காவுக்குச் சென்றுவிட்டது. பர்மாவைத் தாக்கிய வெல்லிங்டன்கள் வங்காளத்துத் தளங்களிலிருந்து பறந்தன. தஞ்சையிலிருந்து ரங்கூன் ஒரு வழியே 1,900 கிலோமீட்டருக்கும் மேல். நிலப்படத்தில் நூல் பிடித்துப் பார்த்திருந்தாலே இந்தக் குறிப்பை எழுதியவருக்கு ஐயம் வந்திருக்கும்.

அடுத்து ஆண்டு. ஒரு வீரரின் தோளுக்குப் பின்னால் விமானத்தின் வட்டச் சின்னம் பாதி தெரிகிறது. நடுவட்டம் கறுப்பாகவும் சுற்றியுள்ள பட்டை வெளிர் சாம்பலாகவும் உள்ளன. பிரிட்டிஷ் சின்னத்தின் நடுவில் சிவப்பு இருந்தது. ஜப்பானிய விமானத்தின் சின்னமோ முழுச் சிவப்பு வட்டம். அவசரத்தில் நம் விமானத்தையே சுட்டுவிடக் கூடாதென்று, இந்தியாவிலிருந்த விமானங்களில் 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சிவப்பை அழித்தார்கள். பிறகு வந்த சின்னத்தில் நடுவே இளநீலம், வெளியே கருநீலம்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பை எப்படிக் காண்பது என்று மாணவர்கள் கேட்கலாம். அக்காலத்தில் இருவகைப் பிலிம்கள் புழக்கத்தில் இருந்தன. 'ஆர்த்தோகுரோமாட்டிக்' பிலிம் சிவப்பு ஒளியை உணராது. ஆகவே அதில் சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளிறியும் பதியும். 'பான்குரோமாட்டிக்' பிலிம் எல்லா நிறங்களையும் உணரும். அதில் நீலமே சிவப்பைவிடக் கருமையாகத் தெரியலாம். எந்தப் பிலிம் என்று தெரியாமல் 'இது கறுப்பு, ஆகவே நீலம்' என்று சொல்பவர் ஏமாந்துபோவார். ஆனால் நம் படத்தில் ஒரு வசதி உண்டு. பிற்காலச் சின்னத்தில் நடு, வெளி இரண்டும் நீலமே. எந்தப் பிலிமிலும் இளநீல நடுவட்டம் கருநீலப் பட்டையைவிட வெளுப்பாகத்தான் விழும். இங்கே நடுவட்டம் கறுப்பு. அப்படியானால் அது சிவப்பு. நிறமாற்றம் எல்லா விமானங்களுக்கும் ஒரே நாளில் நடந்திருக்காது என்றாலும், 1944 என்பதை நம்புவது கடினம். 1942 இறுதி அல்லது 1943 முற்பகுதி என்பதே பொருத்தம்.

இடந்தான் எல்லாவற்றிலும் கடினம். பனைமரம் தெரிந்தால் தஞ்சையா? போர்க்காலத்தில் சோழவரம், அரக்கோணம், உளுந்தூர்ப்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு எனத் தமிழ்நாடெங்கும் விமானதளங்கள் இருந்தன. பனை எங்கும் உண்டு. இதே கண்காட்சியில், ஓடுபாதையின் ஓரம் வரை நீர் தேங்கிய வயல்கள் தெரியும் படம் ஒன்றுக்கும் 'தஞ்சை' என்றே எழுதியிருந்தார்கள். தஞ்சை என்றால் நெல் என்ற நினைப்புத்தான் காரணம். தஞ்சை விமானதளமோ ஊருக்குத் தெற்கே புதுக்கோட்டைச் சாலைப் பக்கம், வல்லம் பகுதியைச் சேர்ந்த செம்மண் மேட்டு நிலத்தில் உள்ளது. வண்டல் களிமண்ணில், அதுவும் ஐப்பசி கார்த்திகையில், கனத்த குண்டுவீச்சு விமானத்தை இறக்கினால் என்ன ஆகும் என்பது மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

வானிலிருந்து எடுத்த படங்களின் நிலை வேறு. அவற்றில் நம் பெரிய கோயில் ஒரு கடிகாரமாகவே பயன்படுகிறது. விமானத்தின் (இது கோயில் விமானம்!) உயரம் சுமார் 216 அடி; கோயில் கிழக்கு நோக்கியது. ஆகவே படத்தில் திசை தெரியும்; நிழலின் திசையும் நீளமும் தெரிந்தால் சூரியன் நின்ற இடம் தெரியும்; அதிலிருந்து நேரத்தையும் நாளையும் கணக்கிடலாம். 'பெரிய கோயிலின் நிழல் தரையில் விழாது' என்பார்கள். உச்சிப்பொழுதில், சூரியன் தலைக்கு மேல் இருக்கும் மாதங்களில், உச்சியின் நிழல் அகன்ற அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். காலையில் சூரியன் 45 பாகை உயரத்தில் நிற்கும்போது, நடுவிலிருந்து 216 அடி தள்ளி விழுந்தே தீரும்.

இங்கே வெளிநாட்டு ஆய்வாளர்கள் சறுக்குவது உண்டு. இங்கிலாந்தில் நண்பகல் நிழல் எப்போதும் வடக்கே விழும். தஞ்சையில் ஏறத்தாழ ஏப்ரல் 18 முதல் ஆகஸ்டு 24 வரை தெற்கே விழும். மேலும் சூரியன் ஒரே நிலைக்கு ஆண்டில் இருமுறை வருகிறது. மே 20-க்கும் ஜூலை 24-க்கும் நிழல் ஏறத்தாழ ஒன்றே. எந்த நாள் என்று நிழல் சொல்லாது, வயல் சொல்லும். மே மாதத்தில் வயல்கள் காய்ந்து கிடக்கும். 1934-இல் மேட்டூர் அணை வந்தபின், ஜூன் 12-ஐ ஒட்டித் தண்ணீர் திறந்துவிட்டால், ஜூலைக் கடைசியில் குறுவை நட்ட வயல்கள் பளபளக்கும்.

கணக்கில் வரும் நேரத்தை வீரரின் நாட்குறிப்போடு ஒப்பிடும்போதும் ஒரு கண்ணி இருக்கிறது. 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கப்பட்டிருந்தன. தஞ்சையில் சூரியன் உச்சிக்கு வரும்போது அக்காலக் கடிகாரம் ஏறத்தாழ ஒன்றேகால் காட்டியிருக்கும்.

இவ்வளவு நுணுக்கம் பாராமலே பிடிபடும் பிழையும் கண்காட்சியில் இருந்தது. 'திருவரங்கம், போர் விமானத்திலிருந்து, 1943' என்ற படத்தில் ராஜகோபுரம் பதின்மூன்று நிலைகளோடு நிமிர்ந்து நின்றது. அந்தக் கோபுரம் முடிக்கப்பட்டது 1987-இல்! போர்க்காலத்தில் அது மொட்டையாகவே இருந்தது. இன்னொரு படத்தில் விமானிகளின் இறக்கைச் சின்னம் வலப்பக்க மார்பில் இருந்தது. அதை இடப்பக்கம்தான் அணிவார்கள். நெகட்டிவ் புரண்டு அச்சாகியிருக்கிறது. 'இடமிருந்து வலம்' என்று எழுதிய பெயர்கள் அத்தனையும் ஆள் மாறிப் போய்விட்டன.

பழைய படம்தானே, ஏதோ ஒரு குறிப்பு இருந்துவிட்டுப் போகட்டும் என்று சிலர் எண்ணலாம். கடலில் விழுந்து உடல் கிடைக்காத விமானிகளுக்குக் கல்லறை கிடையாது. கிழக்கில் அப்படி மறைந்தவர்களின் பெயர்கள் சிங்கப்பூர் நினைவுச் சுவரில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவர்கள் கடைசியாகக் கால் ஊன்றி நின்ற மண் எது என்று தேடி வரும் பேரப்பிள்ளைகளுக்கு இத்தகைய படம் ஒன்றுதான் பிடிப்பு. குறிப்பை எழுதியவரின் ஊகம், அடுத்த புத்தகத்தில் செய்தியாகவும் அதற்கடுத்த புத்தகத்தில் வரலாறாகவும் ஆகிவிடும். வீரர்களின் வரிசைக்கு இடப்புறம், படத்தின் விளிம்பில், வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் கையில் வாளியுடன் நிற்கிறார். அவரைக் குறிப்பு கண்டுகொள்ளவே இல்லை.

அந்தப் படத்துக்கு நான் எழுதியிருந்தால் குறிப்பு இப்படி இருந்திருக்கும்: 'வெல்லிங்டன் விமானத்தின் முன் ஆறு வீரர்கள். சின்னத்தைக் கொண்டு பார்த்தால் 1942 இறுதி அல்லது 1943 முற்பகுதி. இடம் தஞ்சையாக இருக்கலாம். படத்தில் அதற்குச் சான்று இல்லை. இடது ஓரத்தில் நிற்பவர் தளத்தின் உள்ளூர்ப் பணியாளராக இருக்கலாம், பெயர் எழுதப்படவில்லை.'