"அதிவேகம்" என்று அச்சடித்தால் போதுமா? இரண்டு துண்டுத்தாள்களை வாசித்தபோது

போன மாதம் என் மேசைக்கு இரண்டு துண்டுத்தாள்கள் வந்தன. இரண்டும் சுங்கைப்பட்டாணியில் உள்ள வெவ்வேறு கணினிக் கடைகளுடையவை, இரண்டும் மலாயில் அச்சானவை. ஒன்றைத் தமிழில் சொன்னால், "அதிவேக வன்தட்டு, 7200 சுழற்சி, 1 டெராபைட்". மற்றது, "எஸ்.எஸ்.டி., 240 ஜிபி, பத்து மடங்கு வேகம்". விலையில் சில ரிங்கிட்தான் வித்தியாசம்.

சுங்கை லாலாங்கில் வாரத்துக்கு இரண்டு மாலை எஸ்.பி.எம். மாணவர்களுக்கு வகுப்பு நடத்துகிறோம். அங்கே பத்துப் பழைய மேசைக் கணினிகள் இருக்கின்றன, ஓர் அலுவலகம் கழித்துக் கட்டியவை. எதைத் தட்டினாலும் யோசித்துக்கொண்டே நிற்கும். பெற்றோர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பணம் சேர்த்துவிட்டு, "டீச்சர், எதை வாங்கலாம்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்று துண்டுத்தாள்களை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். பணம் ஒரு தடவைக்குத்தான் இருக்கிறது. தப்பாக வாங்கினால் அடுத்த வருஷம் அவர்கள் முகத்தில் விழிக்க முடியாது.

நான் தமிழாசிரியை, கணினி ஆசிரியை இல்லை. ஆனாலும் ஒரு பனுவலை எப்படி வாசிப்பது என்று தினமும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் இல்லையா? கருத்துணர்தலில் நாம் கேட்கும் கேள்விகளையே இந்தத் தாள்களிடமும் கேட்டுப் பார்த்தேன். எந்தச் சொல் எதைச் சுட்டுகிறது? எது சொல்லப்படவில்லை?

முதல் தாளில் உள்ள "அதிவேக" என்ற அடையை எடுத்துக்கொள்வோம். 7200 என்பது தட்டு ஒரு நிமிடத்தில் சுற்றும் தடவை. எண் உண்மைதான். மடிக்கணினிகளில் வரும் சாதாரண வன்தட்டு 5400 தடவைதான் சுற்றும், அதோடு ஒப்பிட்டால் இது வேகம்தான். ஆனால் சுழற்சி கூடினால் நமக்கு என்ன கிடைக்கிறது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம், ஐந்தாம் படிவப் பிள்ளைகள் போடக்கூடிய கணக்குதான். 7200 சுழற்சி என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி. வேண்டிய தகவல் ஊசிமுனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும், அதாவது 4.2 மில்லி வினாடி. 5400 சுழற்சியில் இதே காத்திருப்பு 5.6. மிச்சமாவது 1.4 மில்லி வினாடி. அந்த அரைச் சுற்றுக்கு முன்னால், ஊசிமுனையைத் தாங்கும் கை சரியான தடத்துக்கு நகர வேண்டும். அதற்கு ஒன்பது மில்லி வினாடி போல ஆகும். ஆகத் தகவலின் ஒவ்வொரு துண்டுக்கும் 13 மில்லி வினாடி. ஒரு வினாடியில் எழுபது, எண்பது துண்டுகளைத்தான் இப்படி அங்குமிங்கும் போய்ப் பொறுக்க முடியும்.

கணினியைத் தொடக்கும்போது அது செய்வதே இந்தப் பொறுக்கும் வேலைதான். இயங்குதளத்தின் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள் தட்டில் ஒரே வரிசையில் கிடப்பதில்லை. நம் தாத்தா பாட்டி காலத்து வேலையை நினைத்துப் பாருங்கள். பால்மரம் சீவுகிறவர் ஒரே நிரையில் மரம் மரமாகப் போனால் வேலை ஓடும். முதல் மரம் இந்த நிரையில், இரண்டாவது மேட்டுக்கு அந்தப் பக்கம், மூன்றாவது ஆற்றோரம் என்று விட்டால் எவ்வளவு கைத்திறன் இருந்தாலும் பொழுது நடையிலேயே போய்விடும். 7200 சுழற்சி, நடப்பவருக்குக் கொஞ்சம் நல்ல சப்பாத்து வாங்கிக் கொடுப்பதுபோல. எஸ்.எஸ்.டி.யில் நடையே கிடையாது. சுற்றும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. நினைவகக் கலங்களில் தகவல் இருக்கிறது, கேட்ட இடத்திலிருந்து 0.1 மில்லி வினாடியில் எடுத்துவிடலாம்.

அப்படியானால் இரண்டாவது தாள் உண்மை பேசுகிறதா? அதிலும் எனக்குக் குறை உண்டு. "பத்து மடங்கு" என்றால் எதில் பத்து மடங்கு? ஒரு பெரிய காணொளியை நேராகப் படிப்பதில் நல்ல வன்தட்டு வினாடிக்கு 150 மெகாபைட்டைத் தாண்டும், சாட்டா வகை எஸ்.எஸ்.டி. 500 மெகாபைட்டைத் தாண்டும். இது மூன்று மடங்குதான். சிதறிக் கிடக்கும் சின்னக் கோப்புகளைப் பொறுக்குவதிலோ நூறு மடங்குக்கு மேல் போகிறது. மூன்றுக்கும் நூறுக்கும் நடுவில் "பத்து" எங்கிருந்து வந்தது? கேட்பதற்கு அழகான எண், அவ்வளவுதான். கடன் வாங்கிய ஒரு எஸ்.எஸ்.டி.யை எங்கள் கணினி ஒன்றில் போட்டுக் கைப்பேசியில் நேரம் பார்த்தேன். முன்பு மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்தது, அரை நிமிடத்துக்குள் எழுந்துவிட்டது. ஆறேழு மடங்கு. செயலி, நினைவகம், தாய்ப்பலகை எல்லாம் பழசாகவே இருப்பதால் அதற்கு மேல் போகவில்லை. சரியான வாதத்துக்குப் பொய்யான எண்ணைச் சான்றாகக் கொடுத்தால் நான் கட்டுரையில் மதிப்பெண் குறைப்பேன். இங்கேயும் குறைக்கிறேன்.

இந்தக் கேள்வி உண்மையிலேயே கடினமாக இருந்த ஒரு காலம் உண்டு. 2008-ஆம் ஆண்டு. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் நிமிடத்துக்கு 10,000 தடவை சுழலும் வெலோசிராப்டர் என்ற 300 ஜிபி வன்தட்டை வெளியிட்டது. அதே ஆண்டில் இன்டெல் நிறுவனத்தின் எக்ஸ்25-எம் என்ற 80 ஜிபி எஸ்.எஸ்.டி. வந்தது. முன்னதற்கு ஏறக்குறைய 300 அமெரிக்க டாலர். பின்னதற்கு, ஆயிரக்கணக்கில் மொத்தமாக வாங்குகிறவர்களுக்கே 595 டாலர். ஒரு ஜிபிக்கு ஒரு டாலரா, ஏழு டாலருக்கு மேலா? அன்றைக்கு யாராவது "வேகமான வன்தட்டே போதும்" என்று முடிவெடுத்திருந்தால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். விலை என்ற பெரிய சான்று அவர் பக்கம் இருந்தது. இன்று சுங்கைப்பட்டாணிக் கடையில் இரண்டும் ஏறத்தாழ ஒரே விலைக்குக் கிடைக்கும்போது அதே வாதத்தைச் சொல்வது, பாடத்திட்டம் மாறிய பிறகும் பழைய பயிற்சி நூலை வைத்துப் பாடம் நடத்துவதற்குச் சமம்.

இந்த மாற்றம் நம் நாட்டிலேயே கண்ணெதிரில் நடந்தது. 2018 ஜூலையில் வெஸ்டர்ன் டிஜிட்டல், பெட்டாலிங் ஜெயாவில் இருந்த தன் வன்தட்டுத் தொழிற்சாலையை 2019 இறுதிக்குள் மூடப்போவதாக அறிவித்தது. மடிக்கணினி, மேசைக் கணினிகளுக்கான வன்தட்டுகளைக் கேட்பவர் குறைந்ததுதான் காரணம். அதே வேளையில் பினாங்கில் அதன் இரண்டாவது எஸ்.எஸ்.டி. தொழிற்சாலை தயாராகிக்கொண்டிருந்தது. என் மாணவர்கள் சிலரின் அம்மாவும் அக்காவும் விடியுமுன் ஃபாக்டரி பஸ் ஏறி அந்தப் பக்கம்தான் வேலைக்குப் போகிறார்கள். ஒரு தலைமுறைக்கு முன் பால்வாளி தூக்கிய குடும்பங்கள். வன்தட்டா எஸ்.எஸ்.டி.யா என்பது அவர்களுக்குக் கடையில் கேட்கும் கேள்வி மட்டும் இல்லை, எந்தத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள் என்ற கேள்வியும்கூட.

இங்கே மாணவர்களிடம் ஒரு சண்டை போட்டுக்கொள்கிறேன். இந்தத் தலைப்பை வகுப்பில் வாதக் கட்டுரையாகக் கொடுத்தேன். பாதிக்கு மேல் "ஆகவே இரண்டிலும் நன்மையும் உண்டு தீமையும் உண்டு" என்று முடித்திருந்தார்கள். அடப்பாவிகளா, அந்தப் பெற்றோர்கள் காசை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்! வாதக் கட்டுரையில் ஒரு பக்கம் நிற்க வேண்டும். எதிர்ப்பக்கத்தின் வலுவான கருத்தை எடுத்து, அதற்குப் பதில் சொல்லிவிட்டு நிற்க வேண்டும்.

நான் எஸ்.எஸ்.டி. பக்கம். எதிர்ப்பக்கத்தின் வலுவான கருத்துகள் மூன்று.

"240 ஜிபி பத்தாது." தொடக்க வட்டாக வைத்துக்கொள்ளப் பத்தும். விண்டோஸ், எழுதும் செயலி, உலாவி எல்லாம் சேர்ந்தாலும் பாதிகூட நிரம்பாது. எங்கள் பிள்ளைகள் செய்வது கட்டுரை தட்டச்சு, டெலிமா தளம், பழைய வினாத்தாள்கள். 1 டெராபைட் இடத்தை நிரப்ப அவர்களிடம் ஒன்றும் இல்லை.

"எஸ்.எஸ்.டி. எழுத எழுதத் தேயும்." உண்மைதான், ஆனால் அளவைப் பாருங்கள். கிங்ஸ்டன் ஏ400 என்ற மலிவு வகையின் 240 ஜிபி வட்டுக்கே நிறுவனம் சொல்லும் எழுத்துத் தாங்குதிறன் 80 டெராபைட். நாளுக்கு 20 ஜிபி எழுதினால் 4,000 நாள், பத்து வருஷத்துக்கு மேல். எங்கள் கணினிகளின் மற்ற பாகங்கள் அதற்கு முன்பே போய்விடும்.

மூன்றாவதுதான் எனக்கே உறுத்துவது. போய்விட்டால் என்ன செய்வது? வன்தட்டு பெரும்பாலும் முன்கூட்டியே முனகும், கடகடவென்று சத்தம் போடும், சில கோப்புகளைத் திறக்க அடம் பிடிக்கும். எஸ்.எஸ்.டி. பல வேளைகளில் நேற்று வரை நன்றாக ஓடி, இன்று காலை ஒன்றுமே இல்லை என்று கைவிரித்துவிடும். தவறுதலாக அழித்த கோப்பை மீட்பதும் கஷ்டம், ஏனென்றால் அழித்த இடத்தை வட்டே பின்னணியில் துடைத்து வைத்துவிடுகிறது. நீண்ட நாள் மின்சாரம் இல்லாமல் அலமாரியில் கிடக்கும் சேமிப்புக்கும் அது ஏற்றதல்ல. எழுத்துத் தாங்குதிறன் முழுக்கத் தீர்ந்த நிலையில், 30 பாகை வெப்பத்தில் மின்சாரம் இல்லாமல் ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும் என்பதுதான் ஜெடெக் தரம் வீட்டுப் பயன்பாட்டு வட்டுக்கு வைத்திருக்கும் எல்லை. புது வட்டு இதைவிட நெடுநாள் தாங்கும், ஆனாலும் நம் ஊர் வெயிலில் பூட்டிக் கிடக்கும் அறை 30 பாகையோடு நிற்காது.

ஆசிரியர்களே, இந்தப் பத்தி உங்களுக்கு. பத்துப் பன்னிரண்டு வருஷமாகச் சேர்த்த பயிற்றிகள், வினாத்தாள்கள், தோட்டத்துப் பாட்டிகளிடம் பதிவு செய்த தாலாட்டும் ஒப்பாரியும் நம்மில் பலரிடம் ஒரே ஒரு வட்டில்தான் இருக்கின்றன. எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை எஸ்.எஸ்.டி. போட்ட சந்தோஷத்தில் பழைய வன்தட்டைப் பழைய சாமான் வாங்குகிறவரிடம் கொடுத்துவிட்டார். புது வட்டு ஏழு மாதத்தில் படுத்துவிட்டது. பாட்டிகளில் இருவர் அதற்குள் காலமாகிவிட்டார்கள். அந்தக் குரல்களை மறுபடி எங்கே போய்ப் பதிவது? எடுத்த வன்தட்டைத் தூக்கிப் போடாதீர்கள். மலிவான யூ.எஸ்.பி. உறை ஒன்றில் போட்டு, மாதம் ஒரு முறை நகல் எடுங்கள், இணையக் கிடங்கிலும் ஒரு நகல் இருக்கட்டும். குவித்துச் சேர்த்து வைக்க வன்தட்டுக்கு இன்றும் இடம் உண்டு. பெரிய தரவு மையங்கள் இன்னமும் அதை வாங்குவது அதற்காகத்தான்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. பழைய கணினியில் சாட்டா இணைப்பு இரண்டாம் தலைமுறையாக இருந்தால் வினாடிக்கு 300 மெகாபைட்டுக்கு மேல் போகாது. "அப்போ வீண்தானே டீச்சர்" என்று ஒரு மாணவன் கேட்டான். வீணில்லை, ஏனென்றால் நமக்கு லாபம் தருவது நடை குறைவதுதான், அது அப்படியே இருக்கிறது. இணைய அங்காடிகளில் 16 டெராபைட் எஸ்.எஸ்.டி. ஐம்பது ரிங்கிட்டுக்கு என்று வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள், அது போலி. எஸ்.எஸ்.டி. போட்டும் இணையப் பக்கம் மெதுவாக வந்தால் குற்றம் வட்டுடையதல்ல, இணைய இணைப்புடையது. நினைவகம் 2 ஜிபியாக இருந்தால் முதலில் அதைக் கூட்டுங்கள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, இந்தக் கிழங்களுக்கு இனி எதற்குச் செலவு என்று ஒரு தகப்பனார் கேட்டார். நியாயமான கேள்வி. லினக்ஸ் போட்டுப் பார்க்கப் போகிறோம். அதுவும் சரிவரவில்லை என்றால் எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி வேறு கணினியில் மாட்டிக்கொள்ளலாம்.

எங்கள் மாலை வகுப்பு இரண்டு மணி நேரம், மூன்று குழுக்கள், குழுவுக்கு 40 நிமிடம். வீட்டில் கணினியே இல்லாத பிள்ளைகளுக்கு வாரத்தில் கிடைப்பது அந்த இரண்டு நாற்பது நிமிடங்கள்தான். நடுவில் ஒரு தடவை இயந்திரம் உறைந்து மறுபடி தொடக்கினால், பழைய வட்டில் ஒரு பத்தி எழுதும் நேரம் போய்விடும். பெற்றோர்களிடம் இதைத்தான் சொன்னேன், சுழற்சி கணக்கையெல்லாம் சொல்லவில்லை. ஒன்பது எஸ்.எஸ்.டி. வாங்கினோம்.

பத்தாவது கணினியைத் திறந்து பார்த்தால் அதில் சாட்டா இணைப்பே இல்லை, அகலமான சாம்பல் நிறப் பட்டைக் கம்பி. இரண்டு துண்டுத்தாள்களில் எதை வாங்கியிருந்தாலும் அதில் பொருந்தியிருக்காது. மீந்த பணத்துக்கு யூ.எஸ்.பி. உறைகள் வாங்கிவிட்டோம். அந்தக் கணினி இப்போது வருகைப் பதிவேட்டைத் தாங்கிக்கொண்டு கதவோரம் நிற்கிறது.