நடுவுநிலைமையும் தூதும்: வழக்குரைஞரின் நலன் முரண் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

வழக்குரைஞர் ஒழுக்கத்தைத் தமிழ் மரபோடு இணைத்துப் பேசுவோர் பெரும்பாலும் திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்தையே அளவுகோலாகக் கொள்கின்றனர். அவ்வளவுகோல் நீதி வழங்குவோர்க்கு உரியது. வழக்குரைஞருக்கு நெருங்கிப் பொருந்துவது தூது அதிகாரமே என்பது இக்கட்டுரையின் வாதம். கொங்கு வட்டாரத்தில், அன்னூர் போன்ற சிறு நகர்களில், பாகப்பிரிவினைப் பத்திரமும் விடுதலைப் பத்திரமும் எழுதப்படும் சூழலில் இவ்வேறுபாடு ஏன் இன்றியமையாதது என்பதை இந்திய பார் கவுன்சிலின் விதிகளோடு வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நலன் முரண், வழக்குரைஞர், நடுவுநிலைமை, தூது, பாகப்பிரிவினை, அன்னூர்

முன்னுரை

'அவனுக்கு ஏன் வக்காலத்து வாங்குகிறாய்?' என்பது தமிழர் அன்றாடம் வழங்கும் தொடர். வக்காலத்து என்பது வழக்கு நடத்த ஒருவர் வழக்குரைஞருக்கு எழுதித்தரும் அதிகார ஆவணம். அச்சொல் பேச்சுவழக்கில் 'ஒருவன் பக்கம் சாய்ந்து பேசுதல்' எனப் பொருள் விரிந்துள்ளது. வழக்குரைஞர் ஒருபக்கச் சார்பினர் என்பதைப் பேச்சுத்தமிழ் தெளிவாக அறிந்திருக்கிறது. ஆயினும் வழக்குரைஞர் அறத்தைப் பேசும் மேடைகளிலும் கட்டுரைகளிலும் துலாக்கோல் உவமையே முன்வைக்கப்படுகிறது. இம்முரண் சொல்லளவில் நின்றுவிடுவதன்று. 'நான் எல்லார்க்கும் பொதுவானவன்' என வழக்குரைஞர் கருதும் இடத்தில்தான் நலன் முரண் கண்ணுக்குப் புலப்படாமல் போகிறது.

மரபில் வழக்குரைஞரின் இடம்

தமிழ் இலக்கியம் காட்டும் புகழ்பெற்ற வழக்குகளில் வழக்காடுவோர் தாமே பேசுகின்றனர். பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட புராணம் இதற்குச் சிறந்த சான்று. சுந்தரரைத் தம் அடிமை என உரிமை கோரும் முதியவர் திருவெண்ணெய்நல்லூர் அவையில் தாமே வாதிடுகிறார். சுந்தரரும் தாமே மறுக்கிறார். மூல ஓலையும் கையெழுத்து ஒப்பீடும் சான்றாகின்றன, அவை தீர்ப்பளிக்கிறது. வாதி, பிரதிவாதி, ஆவணம், அவை என அனைத்தும் உள்ள இவ்வழக்கில் இல்லாதவர் வழக்குரைஞர் ஒருவரே. இந்நூலுக்குப் பேருரை வகுத்த சி.கே. சுப்பிரமணிய முதலியார் (1878-1961) கோவையில் வழக்குரைஞராக விளங்கியவர் என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

சிலப்பதிகாரத்திலும் கண்ணகி தானே வழக்குரைக்கிறாள். கோவலனுக்கோ அவன் பொருட்டுப் பேச எவருமிலர். தன் களவை மறைக்கும் தேவையுடைய பொற்கொல்லனே சிலம்பைப் பற்றி அரசனிடம் தகவல் சொல்பவனாகவும் நின்றான். தன்னலம் தோய்ந்த ஒருவன் சொல்லை மட்டும் கேட்டதால் விளைந்த கேடு எனவும் மதுரைக்காண்டத்தைப் படிக்க இடமுண்டு.

ஊதியம் பெற்றுப் பிறர்பொருட்டு வாதிடும் தொழில் இன்றைய வடிவில் கம்பெனி ஆட்சியின் நீதிமன்றங்களோடு வேரூன்றி, 1879ஆம் ஆண்டின் சட்டத்தொழிலர் சட்டம், 1961ஆம் ஆண்டின் வழக்குரைஞர் சட்டம் ஆகியவற்றால் ஒழுங்குபெற்றது. எனவே பழைய அறநூல்களில் அவைக்கும் சான்றுரைப்போர்க்கும் உரிய அறத்தைக் காணும் அளவிற்கு வழக்குரைஞருக்கு உரிய அறத்தை நேராகக் காண்பதற்கில்லை. அவ்வெற்றிடத்தில் நீதிபதிக்குரிய அறம் குடியேறிவிட்டது.

தூது அதிகாரத்தின் பொருத்தம்

நடுவுநிலைமை (அதிகாரம் 12) செய்ந்நன்றியறிதலை அடுத்து வைக்கப்பட்டதற்குப் பரிமேலழகர் காரணம் கூறுகிறார். நன்றி செய்தவரை நினைக்கும்போது நடுவுநிலைமை சிதையக்கூடும். அங்கும் அது சிதையலாகாது என்பது அவர் கருத்து. நலன் முரண் பகையிலிருந்து மட்டுமன்றி நன்றியிலிருந்தும் பிறக்கும் என்னும் நுட்பம் இதில் உள்ளது. ஆயினும் இதற்கு நீதிபதி காணவேண்டிய மருந்து சமன்செய்தல். வழக்குரைஞர் காணவேண்டியது விலகுதல். இருதரப்பையும் சமமாக நடத்துவது வழக்குரைஞரின் பணியன்று.

தூது (அதிகாரம் 69) ஒருவர்பொருட்டு மற்றொருவரிடம் சென்று பேசுவோனைப் பற்றியது. பரிமேலழகர் தூதரைத் தாமே வகுத்துக் கூறுவோர், கூறியதைக் கூறுவோர் என இருவகைப்படுத்துகிறார். முதல்வகையினர் நிலை வழக்குரைஞர் நிலையோடு ஒப்பது. தூதனுக்கு வேண்டிய பண்புகளுள் ஒன்றான தூய்மைக்குப் பொருளாலும் காமத்தாலும் கறைபடாமை என அவர் பொருள் காண்கிறார். அனுப்பியவன் நலனுக்கும் தூதன் தன்னலத்திற்கும் இடையே முரண் எழலாகாது என்பதே இதன் உள்ளீடு. அவ்வதிகாரம் வாய்மையையும் உடன் வேண்டுவதால், சார்பு பொய்க்கு உரிமம் ஆவதில்லை. தூதன் யாருடைய தூதன் என்பது அவன் பேசும் அவைக்கு ஐயமின்றித் தெரிந்திருக்கும் என்பதும் கருதத்தக்கது.

அன்னூரின் சூழல்

கோவை - சத்தியமங்கலம் சாலையில் அமைந்த வட்டத் தலைநகரான அன்னூரில் நிலமே பெருஞ்சொத்து. 2021இல் அன்னூர், மேட்டுப்பாளையம் வட்டங்களில் 3,800 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் தொழிற்பூங்கா அமைக்க அரசாணை வந்ததும், உழவர் போராட்டத்தைத் தொடர்ந்து அத்திட்டம் சுருக்கப்பட்டதும் நிலத்தின் மதிப்பை உணர்த்தும். இத்தகைய ஊர்களில் ஒரு குடும்பத்தின் வில்லங்கம் பார்த்தல், கிரயம், உயில், பாகப்பிரிவினை ஆகிய யாவும் ஒரே வழக்குரைஞரிடம் செல்வது இயல்பு. ஊர்க்கவுண்டர் முதலானோர் இருதரப்பையும் கேட்டு முடிவு சொல்லிய பழைய பஞ்சாயத்து மரபின் சாயலும் அவர்மேல் படிகிறது.

இச்சூழலில் அதிகம் இழப்பவர் குடும்பத்தின் பெண்கள். தமிழ்நாடு இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் 1989 மார்ச் 25 முதல், அதற்குமுன் மணமாகாத மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்கு நிகரான உரிமை தந்தது. 2005இன் நடுவண் திருத்தம் அதனை விரித்தது. வினீதா சர்மா வழக்கில் (2020) அவ்வுரிமை பிறப்பால் வருவது என உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. இவ்வுரிமை கைவிட்டுப் போகும் வழி பெரும்பாலும் விடுதலைப் பத்திரம். அண்ணன்மார் அமர்த்திய வழக்குரைஞர் அதனை எழுதுகிறார். 'வக்கீல் அண்ணா' எனத் தங்கை அழைக்க, 'அம்மிணி, எல்லாம் சரியாக இருக்கிறது' என அவர் சொல்கிறார். உறவுமுறைச் சொல் அவரைப் பொதுவான பெரியவர் ஆக்கிவிடுகிறது. அவர் யாருடைய வழக்குரைஞர் என்பது அந்த அறையில் பேசப்படுவதே இல்லை. அவரிடம் வஞ்சகம் இருக்கவேண்டும் என்பதில்லை. தாம் நடுநிலையில் நிற்பதாக அவர் உண்மையாகவே நம்பக்கூடும்.

விதிகளின் வலிமையும் போதாமையும்

பார் கவுன்சில் விதிகள் நலன் முரணைப் பலவாறு தடுக்கின்றன. தமக்குப் பண நலன் உள்ள வழக்கில் வாதிடலாகாது (விதி 9). தாம் சாட்சியாக நேரும் எனக் கருதும் வழக்கை ஏற்கலாகாது (13). எதிர்த்தரப்போடு தமக்குள்ள தொடர்பைக் கட்சிக்காரரிடம் முழுமையாக வெளிப்படுத்தவேண்டும் (14). தாம் பணியாற்றிய வழக்கின் தீர்ப்பு நிறைவேற்ற ஏலத்தில் சொத்தை வாங்கலாகாது (22). ஒருதரப்புக்கு ஆலோசனை கூறியோ மனு வரைந்தோ இருப்பின் பின்னர் எதிர்த்தரப்புக்குத் தோன்றலாகாது (33). ராஜஸ்தான் வழக்குரைஞர் ஒருவர் தரப்பு மாறியதைப் பற்றிய சந்திரசேகர் சோனி வழக்கில் (1983), முழு விவரத்தையும் வெளிப்படுத்தி அனைவரது வெளிப்படையான இசைவையும் பெற்றாலன்றி முரண்பட்ட நலன்களுக்காக ஒருவரே தோன்றுவது தொழிலறத்திற்கு மாறானது என உச்சநீதிமன்றம் கூறியது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ரங்கதுரை வழக்கில் நீதியரசர் ஏ.பி. சென், முரண் உண்டெனக் கண்டால் வேறு வழக்குரைஞரை நாடும்படி கட்சிக்காரருக்கு அறிவுறுத்துவதே கடமை என எழுதினார்.

எனினும் இவ்விதிகளின் பார்வை நீதிமன்றத்தையே மையமாகக் கொண்டது. அண்ணன் தங்கை அனைவருக்குமாகப் பத்திரம் எழுதித்தருவது விதி 33இன் சொற்களுக்குள் தெளிவாக அடங்குமா என்பது வாதத்திற்குரியது. விதி 14இன் வெளிப்படுத்தற் கடமை கட்சிக்காரருக்கு உரியது. தங்கையோ கட்சிக்காரர் அல்லள். எதிர்த்தரப்பினரோடு நேரில் பேசுவதைத் தடுக்கும் விதி 34, வழக்குரைஞர் வைத்துள்ளோரை மட்டுமே காக்கிறது; தனக்கென வழக்குரைஞர் இல்லாத தங்கை அங்கும் விடுபடுகிறாள். பின்னாளில் அப்பத்திரத்தை எதிர்த்து அவள் வழக்குத் தொடுக்கும்போதுதான், அதனை அவளுக்கு விளக்கினாரா என்னும் வினாவுக்குச் சாட்சியாக நேரும் வழக்குரைஞரை விதி 13 தடுக்கக்கூடும். அதற்குள் நிலம் கைமாறியிருக்கலாம்.

அமெரிக்க வழக்குரைஞர் சங்கத்தின் மாதிரி விதிகள் (1983) இவ்விடத்தைத் தனியே கருதியுள்ளன. தன் கட்சிக்காரரின் நலனோடு முரண்படக்கூடிய, வழக்குரைஞர் இல்லாத ஒருவருக்கு, 'உமக்கென ஒரு வழக்குரைஞரை அமர்த்திக்கொள்ளும்' என்பதைத் தவிர வேறு சட்ட ஆலோசனை கூறலாகாது என்பது அவற்றின் விதி 4.3. இதற்கு இணையான தனிவிதி நம்மிடம் தேவை.

எழக்கூடிய மறுப்புகள்

சிறு நகரில் வழக்குரைஞர் சிலரே. ஒவ்வொருவருக்கும் தனி வழக்குரைஞர் என்றால் செலவும் அலைச்சலும் மிகும், ஒற்றுமையாக முடியவேண்டிய பங்கீடு பகையாக மாறும் என்பது முதல் மறுப்பு. இதில் உண்மை உண்டு. ஆனால் 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், பிரிவு 12, வருமான வரம்பின்றிப் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவியை உரிமையாக்கியுள்ளது. ஒருமுறை கேட்டுத் தெளிந்தபின் தங்கை மனமுவந்து பங்கை விட்டுக்கொடுத்தால் அப்பத்திரமும் உறுதிபெறும்.

தூதன் ஒரே அரசனுக்கு உரியவன். வழக்குரைஞரோ பலர்க்கு உரியவர் என்பது இரண்டாம் மறுப்பு. இது ஒப்புமையின் எல்லையைச் சரியாகவே காட்டுகிறது. முன்னாள் கட்சிக்காரரின் மறைபொருளைக் காப்பது பற்றித் தூது அதிகாரம் பேசவில்லை. அவ்விடத்தை விதி 33உம் பாரதிய சாட்சிய அதிநியமம், பிரிவு 132உம் நிரப்புகின்றன. மரபும் சட்டமும் ஒன்றையொன்று நிறைவுசெய்ய வேண்டிய இடம் இது.

முடிவுரை

வழக்குரைஞரைத் துலாக்கோலாகக் காணும் உரைமரபு அவரை உயர்த்துவதாகத் தோன்றினும், அவரது சார்பை மறைத்துவிடுகிறது. மறைந்த சார்பின் சுமை, தனக்கெனப் பேச ஆளில்லாதவர்மேல் விழுகிறது. வழக்குரைஞர் அறத்தைக் கற்பிக்கும் பாடத்திட்டங்களில் நடுவுநிலைமையோடு தூது அதிகாரமும் இடம்பெறுதல் வேண்டும். பத்திரத்தில் கையெழுத்துப் பெறுமுன், 'நான் உங்கள் அண்ணனுக்காக வந்தவன். உங்களுக்காகப் பேச வேறொருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்' என்று சொல்வது வழக்குரைஞரின் கடமையாக விதியில் எழுதப்படுதல் வேண்டும்.