இரண்டரை மணி நேரத்தில் பரிணாமம்

2014 பிப்ரவரி 4 அன்று அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், பீட்டர்ஸ்பர்க் என்ற சிற்றூரிலுள்ள ‘கிரியேஷன் மியூசிய’த்தில் ஒரு விவாதம் நடந்தது. பூமிக்கு ஏறத்தாழ ஆறாயிரம் வயதுதான் என்று பைபிளின் ஆதியாகமத்தை எழுத்துக்கு எழுத்து நம்பும் கென் ஹாம் ஒரு பக்கம். தொலைக்காட்சியில் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிப் பேர் வாங்கிய பில் நை இன்னொரு பக்கம். அரங்கச் சீட்டுகள் சில நிமிடங்களில் விற்றுத் தீர்ந்தன. இணையத்தில் லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். இரண்டரை மணி நேரம் நீண்ட அந்த விவாதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரே ஒரு கேள்வி. ‘எது உங்கள் மனத்தை மாற்றும்?’ என்று பார்வையாளர் ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். ஒரே ஒரு சான்று போதும் என்றார் நை; இருக்கக்கூடாத பாறையடுக்கில் ஒரு புதைபடிவம் கிடைத்தாலும் மாறிவிடுவேன் என்றார். வேதம் கடவுளின் வார்த்தை என்பதிலிருந்து தன்னை யாராலும் அசைக்க முடியாது என்றார் ஹாம். அறிவியல் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பாடநூல் பத்துப் பக்கத்தில் சொல்வதை அந்த இரண்டு பதில்களும் ஒரு நிமிடத்தில் காட்டிவிட்டன.

மேடை விவாதத்தின் பலம் இதுதான், அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. பரிணாமம் பற்றி ஒரு நூலைக்கூடத் தொடாதவர்கள், தங்கள் போதகருக்காக அரங்குக்கு வந்தவர்கள், அன்று டிக்டாலிக் என்ற பெயரைக் கேட்டார்கள். மீனுக்கும் நாற்கால் விலங்குக்கும் இடைப்பட்ட அந்த உயிரி எந்தக் காலத்துப் பாறையில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணித்து, அதே வயதுள்ள பாறைகளைத் தேடிக் கனடாவின் வடகோடித் தீவான எல்ஸ்மியருக்குப் போய், 2004-இல் தொல்லுயிரியலாளர் நீல் ஷூபின் குழு அதைத் தோண்டியெடுத்தது. வயது சுமார் 37.5 கோடி ஆண்டு. பல்கலைக்கழகச் சுவருக்குள்ளேயே இருந்திருந்தால் இந்தக் கதை அந்தக் கூட்டத்தின் காதில் விழுந்திருக்காது.

ஆனால் அதே விவாதம் கிளப்பிய பரபரப்பு, நோவாவின் பேழையை முழு அளவில் கட்டும் தங்கள் திட்டத்துக்குப் பணம் திரளவும் உதவியது என்று சில வாரங்களில் ஹாம் தரப்பே அறிவித்தது. 2016-இல் அந்தப் பேழை திறக்கப்பட்டது. மேடையைப் பகிர்ந்துகொள்வதே எதிராளிக்குத் தகுதி கொடுப்பதாகும் என்று சொல்லிப் பரிணாம உயிரியலாளர்களான ஸ்டீபன் ஜே கூல்டும் ரிச்சர்ட் டாக்கின்ஸும் இத்தகைய விவாதங்களைத் தவிர்த்தார்கள். அதை ஆணவம் என்று பலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவர்கள் கண்ட குறை, எதிரே இருப்பவர் யார் என்பதில் இல்லை, அந்த வடிவத்திலேயே இருக்கிறது.

வடிவத்தின் குறை எவ்வளவு ஆழமானது என்பதற்கு டுவேன் கிஷ்தான் சாட்சி. பெர்க்லியில் உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1970கள் தொடங்கிப் படைப்புவாதத்துக்காக நூற்றுக்கணக்கான மேடைகள் ஏறினார். புதைபடிவ இடைவெளி, வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி, புரதம் தற்செயலாக உருவாவதற்கான நிகழ்தகவு என்று பத்து நிமிடத்தில் பத்து எதிர்ப்புகளை அடுக்குவார். ஒரு வரியில் சொல்லிவிடலாம், பூமி மூடிய அமைப்பு என்றால் உயிரே விதிமீறல் என்று. அது ஏன் மூடிய அமைப்பு இல்லை, சூரிய ஆற்றல் இங்கே என்ன செய்கிறது என்று விளக்க எதிராளிக்கு ஐந்து நிமிடம் வேண்டும். மீதி ஒன்பதுக்குப் பதில் வராது. பதில் வராதது தோல்வியாகத் தெரியும். இந்த உத்திக்கு 1994-இல் மானுடவியலாளர் யூஜினி ஸ்காட் ‘கிஷ் பாய்ச்சல்’ என்று பெயர் வைத்தார்.

அந்த அடுக்கிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். பாம்பார்டியர் வண்டு, எதிரி நெருங்கினால் கொதிநிலையை எட்டும் திரவத்தை வாலிலிருந்து பீய்ச்சும். அதன் உடலில் ஹைட்ரோகுவினோனும் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஒரே பையில் இருக்கின்றன. இரண்டும் கலந்தால் வெடிக்கும், ஆகவே வெடிப்பைத் தடுக்கும் பொருள் முதல் நாளே இருந்திருக்க வேண்டும், படிப்படியாக வந்திருந்தால் வண்டு என்றோ சிதறியிருக்கும் என்பது கிஷ்ஷின் வாதம். கேட்க மிகவும் கச்சிதமாக இருக்கும். 1970களின் பிற்பகுதியில் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் த்வெயிட்ஸும் ஃபிராங்க் ஆப்ரியும் வகுப்பறையிலேயே இரண்டையும் கலந்து காட்டினார்கள். திரவம் மெல்லப் பழுப்பானது. வெடிக்கவில்லை. வண்டு அந்தக் கலவையைத் தனி அறைக்குள் தள்ளி, அங்கே நொதிகளைச் சேர்க்கும்போதுதான் வேகமான வினை நடக்கிறது. சோதிக்கத் தேவைப்பட்டவை இரண்டு குப்பிகளும் கொஞ்சம் பொறுமையும். மேடையில் இல்லாதது அந்தப் பொறுமைதான்.

மேடை தன் நினைவையும் ஒழுங்காக வைத்துக்கொள்வதில்லை. 1860 ஜூன் 30 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் டார்வினை எதிர்த்துப் பேசிய பிஷப் வில்பர்ஃபோர்ஸுக்கு, டார்வின் ஆதரவாளர் தாமஸ் ஹக்ஸ்லி கொடுத்ததாகச் சொல்லப்படும், குரங்கு பாட்டனாக இருப்பதே மேல் என்ற பதிலடியை அறிவியல் நூல்கள் ஓயாமல் திருப்பிச் சொல்கின்றன. அன்றைய பேச்சுக்குச் சொல்லுக்குச் சொல்லான பதிவே கிடையாது. அந்த வாசகம் பிற்காலத்தில் நினைவிலிருந்து கோக்கப்பட்டது. உண்மையில் சபையை வென்றது தான்தான் என்று நண்பர் டார்வினுக்கு எழுதினார் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர்.

மேடைக்கு மாற்று மௌனம்தான் என்பதை நான் ஏற்கவில்லை. 2005-இல் பென்சில்வேனியாவில் இதே சர்ச்சை முற்றிலும் வேறு விதிகளோடு நடந்தது. டோவர் ஊரின் பள்ளி வாரியம், ஒன்பதாம் வகுப்பு உயிரியல் மாணவர்களுக்கு, உயிர்களை ஓர் அறிவுள்ள சக்தி வடிவமைத்தது என்னும் ‘அறிவார்ந்த வடிவமைப்பு’க் கருத்தைப் பரிந்துரைக்கும் அறிக்கையை வாசிக்கச் சொன்னது. பதினொரு பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். பாக்டீரியாவின் கசையிழையும் நம் நோய் எதிர்ப்பு அமைப்பும் படிப்படியாக உருவாகியிருக்க முடியாது என்று வாதாடிய மைக்கேல் பீஹி சாட்சிக் கூண்டில் ஏறினார். நோய் எதிர்ப்பு அமைப்பின் பரிணாமம் பற்றிய 58 ஆய்வுக் கட்டுரைகளும் சில நூல்களும் அவர் முன்னால் ஒவ்வொன்றாக அடுக்கப்பட்டன. இவை போதாது என்று சொன்னார். அறிவியல் கோட்பாடு என்பதற்கு அவர் தரும் வரையறையில் சோதிடமும் அடங்குமா என்று கேட்டபோது ஆம் என்று ஒப்புக்கொண்டார். மேடையில் இப்படிப்பட்ட கேள்வியிலிருந்து அடுத்த தலைப்புக்குத் தாவிவிடலாம். சத்தியம் செய்து ஏறிய கூண்டில் முடியாது.

ஆவணங்கள் இன்னும் அழுத்தமாகப் பேசின. டோவர் வாரியம் சிபாரிசு செய்த ‘பாண்டாக்களும் மனிதர்களும்’ பாடநூலின் பழைய வரைவுகளை நீதிமன்றம் வரவழைத்தது. படைப்புவாதத்தைப் பள்ளியில் கற்பிக்கக் கட்டாயப்படுத்தும் சட்டம் செல்லாது என்று 1987-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, ‘படைப்பு’ வருகிற சுமார் 150 இடங்களில் ‘வடிவமைப்பு’ என்று மாற்றியிருந்தார்கள். ஓரிடத்தில் வெட்டி ஒட்டும்போது கை தவறி, பழைய சொல்லின் தலையும் வாலும் புதிய சொல்லின் இருபுறமும் ஒட்டிக்கொண்டு நின்றன.

உயிரியலாளர் கென்னத் மில்லர் அங்கே அளித்த சாட்சியத்தைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். சிம்பன்சிக்கு 24 ஜோடி குரோமோசோம்கள், நமக்கு 23. பொது மூதாதை உண்மை என்றால் காணாமல்போன ஜோடி எங்கே? முழுதாகத் தொலைந்திருந்தால் அந்த உயிர் பிழைத்திருக்காது. ஆகவே இரண்டு குரோமோசோம்கள் ஒட்டி ஒன்றாகியிருக்க வேண்டும். அப்படியானால் நுனியில் மட்டும் இருக்க வேண்டிய டெலோமியர் வரிசை நடுவிலும், குரோமோசோமுக்கு ஒன்றே இருக்க வேண்டிய சென்ட்ரோமியரில் செயலிழந்த இரண்டாவது ஒன்றின் எச்சமும் தென்பட வேண்டும். மனிதனின் இரண்டாம் குரோமோசோமில் இரண்டும் இருக்கின்றன. மில்லர் எதிராளியைக் கிண்டல் செய்யவில்லை. எது கிடைக்காவிட்டால் தன் கட்சி தோற்கும் என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு காட்டினார். டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜான் ஜோன்ஸ் 139 பக்கத் தீர்ப்பில் வடிவமைப்புவாதம் அறிவியல் அல்ல என்று எழுதினார்.

நீதிமன்றம் அறிவியலின் இடமா என்ற ஐயம் நியாயமானது. நீதிபதிகள் இயற்கைக்குத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் ஒரு கூற்றை எடுத்தால் அது முடியும்வரை விடாமை, ஆவணத்தை மேசையில் வைத்தல், பேசியதைச் சொல்லுக்குச் சொல் பதிவது ஆகிய மூன்றையும் எந்தப் பொது அரங்கும் கடன் வாங்கலாம்.

மேடை செய்யும் பெரிய கேடு ஒன்று உண்டு. பரிணாமத்தையும் உயிரின் முதல் தோற்றத்தையும் அது ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. முதல் செல் எப்படி வந்தது என்று தெரியாவிட்டால் சிம்பன்சியோடு நமக்குள்ள உறவும் பொய் என்று ஒரு தரப்பு நகர்கிறது. அந்த அச்சத்தில் மறு தரப்பு, தோற்றமும் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது என்று கூட்டிச் சொல்கிறது. இந்தக் கூட்டிச் சொல்லலில் அறிவியலை நேசிக்கும் எழுத்தாளர்களுக்கும் பங்குண்டு. இதைப் படைப்புவாதிகளின் தலையில் மட்டும் கட்ட முடியாது. 1953-இல் வேதியியலாளர் ஸ்டான்லி மில்லர் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி அடைத்த குடுவையில் மின்பொறி பாய்ச்சி அமினோ அமிலங்களைப் பெற்றார். மகத்தான சோதனை. ஆனால் ஆதிப் பூமியின் காற்று அந்தக் கலவையைப் போல் இருந்திருக்காது என்பதே பிற்காலப் புவி வேதியியலாளர் பலரின் கருத்து. அதைச் சொல்லாமல் குடுவைப் படத்தை மட்டும் அச்சிடும் நூல், பிறகு அந்தக் குறையை எதிராளி வாயிலிருந்து வாசகன் கேட்கும்போது தன் நம்பகத்தை இழக்கிறது.

தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துச் சொன்னால் சுவை குறையாது. செல்லில் புரதத்தைக் கோக்கும் ரைபோசோமின் இதயப் பகுதியில் அந்த வேலையைச் செய்வது புரதம் அல்ல, ஆர்.என்.ஏ. அதன் கட்டமைப்பைத் துலக்கியதற்காக 2009-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். புரதத்துக்கு முன்னே ஆர்.என்.ஏ. உலகம் இருந்திருக்கலாம் என்பதற்கு இது பலமான தடயம். அந்த ஆர்.என்.ஏ. எப்படி வந்தது? அதன் கூறுகளான சர்க்கரையையும் நைட்ரஜன் காரத்தையும் தனித்தனியே செய்து ஒட்டும் வழி பலிக்காமல் கிடந்தபோது, வேதியியலாளர் ஜான் சதர்லேண்ட் குழு அதே 2009-இல் அந்த இரண்டையும் தனியே செய்யாமல் சுற்றுவழியில் இரண்டு நியூக்ளியோடைடுகளை உருவாக்கிக் காட்டியது. சதர்லேண்டின் வேதியியலுக்குத் தரைமேல் விழும் புற ஊதா ஒளி வேண்டும். உயிர் கடலடி வெந்நீர்த் துளைகளில் தொடங்கியது என்னும் நிக் லேன், வில்லியம் மார்ட்டின் போன்றோரின் கருத்தோடு அது மோதுகிறது. இன்னும் முடியாத, உண்மையான சண்டை இது. இரு தரப்பும் பரிணாமத்தை ஏற்பவர்கள். எந்தச் சோதனை எந்தத் தரப்பை வீழ்த்தும் என்று இரு தரப்புக்கும் தெரியும். பொதுமக்கள் முன் மேடையேற்ற வேண்டிய விவாதம் இதுதான். ஏற்றுபவர்கள் குறைவு.

நம் நாட்டில் இது தள்ளிப்போடக்கூடிய காரியம் இல்லை. குரங்கு மனிதனாவதை யாரும் பார்த்ததில்லை, டார்வின் தவறு என்று 2018 ஜனவரியில் மத்திய இணையமைச்சர் சத்யபால் சிங் சொன்னபோது மூன்று அறிவியல் அகாதெமிகளும் கூட்டாக மறுத்தன. செய்ய வேண்டியதைச் செய்தன. ஆனால் 2023-இல் என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமப் பகுதி போனபோது ஆயிரக்கணக்கான அறிவியலாளர்கள் கையெழுத்திட்டும் பலனில்லை. அந்த நூல்களைப் படித்து, பதினொன்றில் உயிரியல் எடுக்காத மாணவர் இனி அதை வகுப்பறையில் சந்திக்கவே மாட்டார். கைபேசியில் ஓடும் விவாதத் துணுக்கில்தான் சந்திப்பார். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு நூலில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் ஒரே பாடமாக இருக்கின்றன, இருப்பதே நல்லது. அதை நடத்தும் ஆசிரியர்கள் ஸ்டான்லி மில்லரின் குடுவையையும் இரண்டாம் குரோமோசோமையும் ஒரே உறுதியோடு சொல்லாமல், முதலாவது திறந்த கேள்வி, இரண்டாவது முடிந்த விடை என்று பிரித்துச் சொன்னால், அந்தத் துணுக்கு கண்ணில் படும்போது மாணவருக்கு எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்கும்.